பழவேற்காடு படகு சவாரி: டீம் ட்ரிப் போடும் முன் தெரிஞ்சிக்க வேண்டியவை

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் யாராவது ஒரு ரீல் போடுவார்கள். கிரீஸ் பக்கம் நீலக் கடல், வெள்ளைப் பாய் விரித்த படகு, தட்டு நிறையப் பழம். ''நாமளும் ஒரு நாள் போகணும்'' என்பார் ஒருவர். ''கிரீஸ் எதுக்கு? பழவேற்காடு பக்கத்துலதானே இருக்கு, ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டா படகே எடுத்துடலாம்'' என்பார் இன்னொருவர். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்ப்பவர்களுக்கு இந்த உரையாடல் புதிதாக இருக்காது.

ஆசைப்படுவதில் தப்பில்லை. ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி நம் திருவள்ளூர் மாவட்டத்தில்தான் தொடங்குகிறது. குளிர்காலத்தில் பூநாரைகள் வரும். ஆனால் படகு என்றதும் நினைவுக்கு வர வேண்டிய தேதி ஒன்று இருக்கிறது: 2011 டிசம்பர் 25. கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வந்தவர்கள் ஏறிய படகு இங்கே கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதன் பிறகு சுற்றுலாப் படகு சவாரிக்கு மாவட்ட நிர்வாகம் தடை விதித்தது. தடையை மீறி சவாரி நடப்பதாகப் பலமுறை செய்திகளும் வந்துவிட்டன.

''ஏரிதானே, இடுப்பளவு தண்ணிதானே'' என்று பலர் நினைக்கிறார்கள். உண்மைதான், ஏரியின் சராசரி ஆழம் சுமார் ஒரு மீட்டர்தான். சிக்கல் முகத்துவாரத்தில். ஏரி கடலோடு சேரும் அந்தக் குறுகிய வாயில், நீர்வற்றம் நேரத்தில் ஏரித் தண்ணீர் வேகமாக வெளியே பாயும். எதிரே கடல் அலை உள்ளே வரும். இரண்டும் மோதும் இடத்தில் அலை செங்குத்தாக எழும். அடியில் மணல் திட்டு இடம் மாறிக்கொண்டே இருப்பதால், போன மாதம் போன வழி இந்த மாதம் இருக்கும் என்று சொல்ல முடியாது. மதியத்துக்கு மேல் கடல் காற்று வேறு வலுக்கும். ஆனால் படகில் ஏறுகிற எல்லோருமே கேட்பது, ''அண்ணா, கடல் வரைக்கும் கூட்டிட்டுப் போங்க!''

இன்னொரு விஷயம் படகு. மீன்பிடி ஃபைபர் படகில் வலையும் மீனும் ஐஸும் அடித்தட்டில் கிடக்கும். பாரம் கீழே இருப்பதால் படகு நிலையாக நிற்கும். அதே எடைக்கு மனிதர்களை ஏற்றினால் பாரம் மேலே வந்துவிடும். அதிலும் பாதிப் பேர் செல்ஃபிக்கு எழுந்து நின்று, பறவை தெரிகிற பக்கமாகச் சாய்ந்தால் என்ன ஆகும்? 2023 மே 7 அன்று கேரளாவின் தானூரில் கவிழ்ந்ததும் மீன்பிடிப் படகை மாற்றிச் செய்த உல்லாசப் படகுதான். அனுமதித்ததைவிட அதிகமானவர்களை ஏற்றியிருந்தார்கள். அங்கேயும் இறந்தவர்கள் 22 பேர்.

படகுக்காரரை வில்லனாக்குவதும் நியாயமில்லை. முகத்துவாரம் அடிக்கடி மண் மேடிட்டு அடைத்துக்கொள்வதால் மீன்வரத்து குறைகிறது, அதை நிரந்தரமாகத் திறந்து வையுங்கள் என்பது இந்த மீனவர்களின் நெடுநாள் கோரிக்கை. வலை காலியாகத் திரும்புகிற நாளில், கரையில் பத்துப் பேர் காசோடு நின்றால் அவர் என்ன சொல்வார்?

அந்த ரீலில் பார்த்த மத்திய தரைக்கடல் படகுக்கு வருவோம். அதை வாடகைக்கு எடுப்பதில் பாதி வேலை காகிதம்தான். குரோஷியாவில் நீங்களே ஓட்ட வேண்டுமென்றால் ஓட்டுநர் சான்றிதழ் காட்ட வேண்டும். படகில் யார் யார் இருக்கிறார்கள் என்ற பட்டியல் கொடுக்க வேண்டும். 12 பயணிகளுக்கு மேல் ஏறினால் சர்வதேச விதிப்படி அது பயணிகள் கப்பல், கட்டுப்பாடுகள் இன்னும் கூடும். ரீலில் இதெல்லாம் வராது. நம் நாட்டிலும் 2021-ல் வந்த உள்நாட்டுக் கலன்கள் சட்டம் பதிவு, தகுதி ஆய்வுச் சான்று, காப்பீடு எல்லாம் கேட்கிறது.

அதனால் தமிழ்நாட்டில் எந்தப் படகில் ஏறினாலும் பதிவு எண் இருக்கிறதா, எத்தனை பேர் ஏறலாம் என்று படகில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். லைஃப் ஜாக்கெட் இருந்தால் போதாது, கிளிப் மாட்டி, தோளைப் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். தலை வழியாகக் கழன்றால் அது உங்கள் அளவு இல்லை. குழந்தைக்குக் குழந்தை அளவுதான். ''அதெல்லாம் தேவையில்லைங்க'' என்று ஓட்டுபவர் சொன்னால் இறங்கிவிடுங்கள். முன்பணம் போனால் போகட்டும்.

அப்போ டீம் ட்ரிப் கேன்சலா? வேண்டாம். படகுதான் வேண்டுமென்றால் ஈசிஆரில் முட்டுக்காட்டில் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுக் குழாம் இருக்கிறது. பறவை பார்க்க வேண்டுமென்றால் கும்மிடிப்பூண்டியிலிருந்து ரயிலில் சூலூர்பேட்டை போய்விடுங்கள். அங்கிருந்து ஸ்ரீஹரிகோட்டா போகும் சாலை ஏரியின் குறுக்கேயே செல்கிறது. சீசனில் சாலையோரம் நின்றே பூநாரைகளைப் பார்க்கலாம், பைனாகுலர் இருந்தால் இன்னும் நல்லது. பழவேற்காடுதான் என்று முடிவு செய்திருந்தால் பொன்னேரியில் இறங்கி பஸ் பிடியுங்கள். டச்சுக்காரர்கள் 1613-ல் கட்டிய கெல்டிரியா கோட்டையின் மிச்சத்தையும், வாசலில் எலும்புக்கூடு செதுக்கிய அவர்களின் கல்லறைத் தோட்டத்தையும் நடந்தே பார்க்கலாம். மதியம் மீன் குழம்புச் சாப்பாடு. வெயில் தாழ்வதற்குள் காலையிலேயே கிளம்பிவிடுங்கள், கல்லறைத் தோட்டத்தைச் சாயங்காலம் பூட்டிவிடுவார்கள்.