அலங்காரத்துக்கா, கேட்கவா?

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், டெட்ராய்ட் நகரத்திலிருந்து அரை மணி நேரத் தொலைவில் ஒரு புறநகரில் குடியிருக்கிறேன். கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பையன். இன்ஜினியரிங் முடித்து, சென்னையில் நாலு வருடம் குப்பை கொட்டிவிட்டு, கார் கம்பெனிகளுக்கு மென்பொருள் எழுத இங்கே வந்து சேர்ந்தவன். எங்கள் பக்கம் தமிழர்கள் நிறைய. கோயில் இருக்கு, தமிழ்ப்பள்ளி இருக்கு, இட்லி மாவு விற்கிற கடை இருக்கு. ஆகவே முதல் ஏழு வருடத்தில் டெட்ராய்ட் நகரத்துக்குள் போக எனக்கு ஒரு அவசியமும் வந்ததில்லை. 'அந்தப் பக்கமெல்லாம் போகாதே' என்று வந்த புதிதில் நம்ம ஆட்கள் சொன்னார்கள். ஏன் என்று நானும் கேட்கவில்லை.

பெருந்தொற்றுக் காலத்தில், ஹாலில் வைத்தால் அழகாக இருக்குமே என்று ஒரு ரெக்கார்ட் பிளேயர் வாங்கினேன். பக்கத்தில் சாய்த்து வைக்க நாலு பழைய இசைத்தட்டு வேண்டுமே! அடுத்த வருடம் எங்கள் ஊர் நூலகத்தில் பழைய புத்தக விற்பனை நடந்தது. ஒரு தட்டு ஒரு டாலர். அட்டைப் படத்தைப் பார்த்துப் பார்த்துப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். பெட்டிக்குப் பின்னால் தன்னார்வலராக உட்கார்ந்திருந்த கறுப்பினப் பெரியவர் ஒருவர் கேட்டார்: "அலங்காரத்துக்கா, கேட்கவா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "அலங்காரத்துக்குத்தான்" என்றேன். சிரித்தார். "பரவாயில்லை, உண்மையைச் சொன்னாய். சனிக்கிழமை என் வீட்டுக்கு வா. கேட்பது எப்படி என்று காட்டுகிறேன்" என்று ஒரு காகிதத்தில் விலாசம் எழுதிக் கொடுத்தார். எங்கள் ஊரில் இருக்கும் மகளைப் பார்க்க வந்த இடத்தில் நூலக வேலையும் செய்கிறவர் அவர். அவருடைய வீடு டெட்ராய்ட்டுக்குள், எட்டு மைல் சாலையைத் தாண்டி.

நண்பனிடம் சொன்னேன். "இருட்டறதுக்குள்ள வந்துரு" என்றான்.

போனேன். வீட்டு வாசலில் காரை நிறுத்தி, பூட்டி, நாலு அடி நடந்து, திரும்பவும் ஒரு தடவை சாவிப் பொத்தானை அமுக்கினேன். பெரியவர் திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை.

அவர் வீட்டில் மூன்று விதிகள். ஒன்று, போன் சமையலறையில் இருக்க வேண்டும். இரண்டு, ஆல்பத்தை முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை வரிசை மாறாமல் கேட்க வேண்டும். மூன்று, கொண்டு வந்தவர் ஏன் கொண்டு வந்தார் என்பதைக் கேட்டு முடித்த பிறகுதான் சொல்ல வேண்டும்.

அன்றைக்கு அவர் போட்டது மார்வின் கே பாடிய 'வாட்ஸ் கோயிங் ஆன்'. 1971-ல் வந்த சோல் ஆல்பம். ஒன்பது பாட்டு, 35 நிமிடம். தனித்தனிப் பாட்டு என்றே தோன்றாது. ஒன்று இன்னொன்றுக்குள் நழுவிக்கொண்டே போகும். முடிந்ததும் கதை சொன்னார்.

மோடவுன் இசைக் கம்பெனியைத் தொடங்கிய பெர்ரி கோர்டி, அதற்கு முன் கார் தொழிற்சாலையில் அசெம்பிளி லைனில் நின்றவர். 1959-ல் வீட்டாரிடம் 800 டாலர் கடன் வாங்கி, வெஸ்ட் கிராண்ட் புலவார்டு என்ற தெருவில் ஒரு சாதாரண வீட்டில் ஸ்டூடியோ போட்டார். கார் மாதிரியே பாட்டும் தயாரானது: எழுத ஒருவர், வாசிக்க ஒரு குழு, பாட ஒருவர், கடைசியில் தரப் பரிசோதனை. அந்த வரிசையில் நின்று காதல் பாட்டாகப் பாடிக் குவித்தவர்தான் மார்வின் கே. வியட்நாம் போருக்குப் போய்த் திரும்பிய தம்பி ஃபிராங்கி சொன்ன கதைகள் அவரை உலுக்கிவிட்டன. போர், போலீஸ் அடி, வேலையில்லாத் திண்டாட்டம், நாசமாகும் காற்றும் கடலும் என்று பாட ஆரம்பித்தார். கோர்டிக்குப் பிடிக்கவில்லை. வெளியிடாவிட்டால் இனி பாட மாட்டேன் என்று மார்வின் கே நின்றுவிட்டார். தலைப்புப் பாட்டு ஜனவரியில் வெளிவந்து சக்கைப்போடு போட்டது. மே மாதம் முழு ஆல்பமும் வந்தது.

"பேஸ் கிட்டார் வாசிப்பவர் ஜேம்ஸ் ஜேமர்சன். வருடக்கணக்காக அவர் வாசிப்புக்கு ஆடியிருக்கிறோம், பெயர் தெரியாது. மோடவுன் அட்டையில் வாத்தியக்காரர்கள் பெயர் போட்டது இந்த ஆல்பத்தில்தான். நானும் முப்பது வருடம் கார் செய்தேன். ஒரு காரிலும் என் பெயர் இல்லை" என்றார் பெரியவர்.

நான் எழுதிய நிரல்கள் எத்தனை கார்களில் ஓடுகின்றனவோ! அவற்றிலும் என் பெயர் இல்லை. ஏழு வருடத்தில் இந்த நகரத்துக்காரர் ஒருவரும் நானும் ஒரே ஜாதி என்று தோன்றியது அன்றைக்குத்தான்.

அடுத்த மாதமும் போனேன். தனியாக அல்ல. ஆற்றுக்கு அந்தப் பக்கம் கனடாவின் விண்ட்சர் நகரம். அங்கிருந்து பாலம் தாண்டி டெட்ராய்ட் மருத்துவமனைக்கு நர்ஸ் வேலைக்கு வருகிற யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் எங்களுக்குப் பழக்கம். அவரும் பதினாறு வயது மகளும் சேர்ந்துகொண்டார்கள். அப்படி நாலு பேர் ஆனோம். மாதம் ஒரு சனிக்கிழமை, ஆளுக்கு ஒரு முறை.

பெரியவர் அக்காவுக்காக மார்வின் கேயை மறுபடி போட்டார். ஃபிராங்கியின் கதையையும் சொன்னார். அக்கா ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு என்னிடம் தமிழில் சொன்னார்: "கரண்ட் இல்லாத காலம், தம்பி. சைக்கிளைத் தலைகீழாக் கவிட்டு வச்சு அண்ணா பெடலைச் சுத்துவார். டைனமோவில வாற கரண்டில கசெட் ஓடும். அவர் களைச்சா பாட்டும் களைச்சுப் போகும். எங்களிட்டக் கிடந்தது ஒரேயொரு கசெட். 95-ல ஊரோட வெளிக்கிடேக்க அதையும் விட்டிட்டு வந்திட்டம். அண்ணா பிறகு வரேல்லை." கொஞ்சம் பொறுத்து, "இந்தாளின்ர தம்பி திரும்பி வந்தபடியால் இந்தப் பாட்டு வந்தது. திரும்பி வராதவையின்ர பாட்டை ஆர் பாடுறது?" என்றார்.

மகள் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். சைக்கிள் கதையை அவள் அன்றுதான் முதல் முறையாகக் கேட்கிறாள். பெரியவருக்கு அதை ஆங்கிலத்தில் சொன்னதும் அவள்தான்.

இதைத்தான் சொல்ல வந்தேன். எனக்குச் சோறு போடுவது மென்பொருள். 'இதைக் கேட்டவர்கள் அதையும் கேட்டார்கள்' என்று செயலி நமக்குப் பாட்டுப் பரிந்துரைக்கும் கணக்கு எனக்குத் தெரியும். அடிப்படையில் அது நம்மைப் போன்றவர்களைத் தேடிப் பிடித்து, அவர்கள் கேட்டதை நம்மிடம் நீட்டும். தப்பில்லை. ஆனால் நம் குடியிருப்பும் அப்படித்தானே இருக்கிறது? நம்மைப் போன்றவர்கள், அவர்களைப் போன்ற நாம். எட்டு மைல் சாலைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் ஒரு ஆல்பத்தைக் கையில் கொடுத்து 'உட்கார்' என்று சொல்லும்போது அந்தக் கணக்கு உடைகிறது. கொடுப்பவர் பாட்டோடு தன் வாழ்க்கையில் ஒரு துண்டையும் கொடுக்கிறார். வாங்குபவர் நாற்பது நிமிடம் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். நம்மில் எத்தனை பேர் வேற்று இனத்தார் ஒருவர் சொல்வதை நாற்பது நிமிடம் குறுக்கிடாமல் கேட்டிருப்போம்?

2023 ஆகஸ்ட்டில் ரோட்ரிகஸ் இறந்தபோது அவருடைய 'கோல்ட் ஃபேக்ட்' ஆல்பத்தைக் கேட்டோம். மெக்சிகோவிலிருந்து டெட்ராய்ட்டுக்கு வந்த குடும்பத்துப் பிள்ளை சிக்ஸ்டோ ரோட்ரிகஸ். 1970-ல் வந்த இந்த ஃபோக் ராக் ஆல்பத்தை அமெரிக்காவில் சீண்டுவாரில்லை. அடுத்ததும் விற்கவில்லை. மனிதர் பழைய வீடுகளை இடிக்கிற, பழுதுபார்க்கிற கூலி வேலைக்குப் போனார். இடையில் படித்துத் தத்துவத்தில் பட்டமும் வாங்கினார். ஆனால் நிறவெறி ஆட்சியில் இருந்த தென்னாப்பிரிக்காவில் அதே ஆல்பம் கை மாறிக் கை மாறி, கசெட்டில் நகல் எடுத்து, வீடு வீடாகப் போய்ச் சேர்ந்திருந்தது. அவர் செத்துவிட்டார் என்றே அங்கே பலரும் நம்பினார்கள். 1998-ல் அவர் நேரில் போய் மேடை ஏறியபோது அரங்குகள் நிறைந்தன. இந்தக் கதையைச் சொன்ன 'சர்ச்சிங் ஃபார் சுகர் மேன்' ஆவணப்படம் 2013-ல் ஆஸ்கர் வாங்கியது. எந்த விளம்பரமும் செய்யாததை, 'இதைக் கேட்டுப் பாரு' என்று ஒருவர் இன்னொருவர் கையில் கொடுத்தது செய்திருக்கிறது.

மகளின் முறை வந்தபோது அவள் எம்.ஐ.ஏ.வின் 'கலா' ஆல்பத்தைக் கொண்டு வந்தாள். லண்டனில் பிறந்து, சின்ன வயதை யாழ்ப்பாணத்தில் கழித்த மாயா அருள்பிரகாசம், தன் அம்மாவின் பெயரையே வைத்து 2007-ல் வெளியிட்டது. அதிலுள்ள 'பேப்பர் பிளேன்ஸ்' பாட்டின் அடியில் ஓடுவது, குடியேறிகளைப் பற்றி தி கிளாஷ் என்ற பிரிட்டிஷ் ராக் குழு 1982-ல் வெளியிட்ட பாட்டின் துண்டு. ஏன் கொண்டு வந்தாய் என்று பெரியவர் கேட்டார். "அம்மாவுக்கு இதெல்லாம் சத்தம். ஆனால் இங்கே விதி இருக்கே, கடைசி வரை கேட்டுத்தானே ஆகணும்?" என்றாள். அக்கா சிரித்துவிட்டார்.

நான் இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்?' கொண்டு போனேன். 1986-ல் வந்தது, தியாகராஜருக்கும் பாக்குக்கும் அவர் செய்த காணிக்கை. பெரியவர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "உன் ஊர் எது? இந்தியா என்று சொல்லாதே, ஊர்ப் பெயரைச் சொல்" என்றார். கோயம்புத்தூர், அதற்குப் பக்கத்தில் கிராமம் என்றேன். எழுந்து போய் அலமாரியில் தேடி ஒரு தட்டை எடுத்து வந்தார். ஆலிஸ் கோல்ட்ரேன், 'ஜர்னி இன் சச்சிதானந்தா'.

சொன்னால் நம்ப மாட்டீர்கள். அந்தச் சச்சிதானந்தா நம்ம செட்டிபாளையத்துக்காரர்! கோயம்புத்தூரை ஒட்டிய அந்த ஊரில் 1914-ல் பிறந்து, இலங்கையில் பல வருடம் ஆசிரமம் நடத்தி, 1966-ல் அமெரிக்கா வந்த சுவாமி. 1969-ல் உட்ஸ்டாக் ராக் விழாவைத் தொடங்கி வைத்துப் பேசியவர். பிற்காலத்தில் அவர் மீது கடுமையான புகார்களும் எழுந்தன. அதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆலிஸ் கோல்ட்ரேன் 1937-ல் டெட்ராய்ட்டில் பிறந்த ஜாஸ் கலைஞர். 1967-ல் கணவர் ஜான் கோல்ட்ரேன் நாற்பது வயதில் இறந்துபோக, குழந்தைகளோடு தவித்த காலத்தில் இந்தச் சுவாமியிடம் ஆறுதல் தேடினார். 1971-ல் வந்த ஆல்பத்தில் அடியில் தம்புரா ஓட, மேலே அவருடைய ஹார்ப் அலையலையாக விழும். ஃபாரோ சாண்டர்ஸ் சாக்ஸபோன், செசில் மெக்பீ பேஸ். செட்டிபாளையத்தைத் தாண்டி எத்தனை தடவை பஸ்ஸில் போயிருப்பேன்! இந்தப் பெயரை எனக்குச் சொல்ல டெட்ராய்ட்டில் ஒரு பெரியவர் வேண்டியிருந்தது.

தட்டு முடிந்ததும் பெரியவர் சொன்னார்: "ஆலிஸின் கணவர் போன அதே ஜூலையில்தான் இந்த ஊர் எரிந்தது. 43 பேர் செத்தார்கள். அப்புறம் வெளியேறியவர்கள் எல்லாரும் இந்தப் பக்கம் போகாதே என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். அது உனக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. முதல் நாள் நீ காரை ரெண்டு தடவை பூட்டினாய்." எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. மன்னிப்புக் கேட்டேன். "அன்றைக்கே கேட்டிருந்தால் ஏற்றுக்கொண்டிருக்க மாட்டேன். உன்னிடம் இருப்பதை நீ இன்னும் எனக்குத் தரவில்லையே அப்போது" என்றார்.

வாசகர்களே, இதற்கு ரெக்கார்ட் பிளேயர் வேண்டியதில்லை. போனும் ஒரு ஸ்பீக்கரும் போதும். டொரொண்டோவோ பாரிஸோ சிங்கப்பூரோ சிட்னியோ, உங்கள் தெருவில், அலுவலகத்தில், 'நம்ம ஆள்' அல்லாத ஒருவரைக் கூப்பிடுங்கள். அவருக்குப் பிடித்த ஒரு ஆல்பத்தை முழுசாகக் கேளுங்கள். உங்களுடையதைக் கொடுங்கள். நம் பிள்ளைகளும் கூட இருக்கட்டும். அவர்களிடமும் ஒன்று கேட்டு வாங்குங்கள்.

பெரியவருக்கு இப்போது காது மெல்ல மெல்லப் போகிறது. தொழிற்சாலைச் சத்தம், வயது, இரண்டும்தான். மேல் ஸ்வரங்கள்தான் முதலில் போகுமாம். தட்டுகளை ஒவ்வொன்றாக எங்களுக்குக் கொடுக்க ஆரம்பித்துவிட்டார். கதை சொல்லாமல் ஒன்றையும் கொடுப்பதில்லை. போன மாதம் ஆலிஸ் கோல்ட்ரேனை மறுபடி போடச் சொன்னார். அக்கா மகள் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். தம்புராவும் பேஸும் அவருக்குக் கேட்கின்றன, தலை ஆடுகிறது. ஹார்ப் உச்சிக்கு ஏறும் இடம் வரும்போதெல்லாம் அவள் அவர் கையில் விரலால் மெல்லத் தட்டினாள். அவர் தெரிகிறது என்பது போலச் சிரித்தார்.