சோற்றில் நின்ற கை

தென்காசி மாவட்டத்து நடுநிலைப் பள்ளி ஒன்றில் நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தியை முதலில் கவனித்தவர், அங்கே சத்துணவு சமைக்கும் அக்கா. நான் அன்று வேறொரு பையனின் காலிப்பர் காலில் உரசுகிறதா என்று பார்க்கப் போயிருந்தேன். பரிமாறி முடித்த அக்கா, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே என்னிடம் வந்தார்.

"டீச்சர், அந்தா தூண்கிட்ட இருக்கா பாருங்க, அந்தப் பிள்ள. சோத்துல கைய வச்சவ அப்படியே நிப்பாட்டிருதா. கூப்பிட்டாலும் காது கேக்கல. நான் அஞ்சாறு எண்ணுறதுக்குள்ள திரும்பச் சாப்பிட ஆரம்பிச்சிருதா. தெனமும் பாக்கேன்."

போய் அவளுக்கு எதிரே உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் சோற்றை அள்ளிய கை, தட்டுக்கும் வாய்க்கும் நடுவே நின்றது. கண் என்னைத் தாண்டி எங்கோ வெறித்தது. இமை லேசாகத் துடித்தது. எட்டு வரை எண்ணினேன். கவளம் வாய்க்குள் போனது. "என்னம்மா யோசிச்ச?" என்று கேட்டேன். "ஒண்ணும் யோசிக்கல டீச்சர், சாப்பிடுதேன்" என்றாள். அவள் சொன்னது உண்மை. நடுவே எட்டு நொடி போனது அவளுக்குத் தெரியாது.

வலிப்பு என்றால் கீழே விழுவதும், கைகால் வெட்டுவதும், வாயில் நுரை தள்ளுவதும்தான் நம் நினைவுக்கு வரும். சத்தமே இல்லாத வலிப்பும் உண்டு. பெரும்பாலும் பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு வருவது. சில நொடிகள் நினைவு அறுந்து, பின் ஒட்டிக்கொள்ளும். ஒரே நாளில் பத்து முறை, இன்னும் கூடுதலாகக்கூட வரலாம். பீடித் தட்டை ஓரமாக வைத்துவிட்டு அவளுடைய அம்மா என்னோடு பாளையங்கோட்டை ஐகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார். இ.இ.ஜி. எடுத்தார்கள். மாத்திரை எழுதினார்கள். இந்த வகை வலிப்பு பெரும்பாலும் மருந்துக்குக் கட்டுப்படும், வளர வளரப் பல பிள்ளைகளுக்கு விட்டும் போகும் என்று டாக்டர் சொன்னபோது அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளில் அந்தப் பிள்ளை எத்தனை முறை வகுப்பில் எழுந்து நின்றிருப்பாள்! "பராக்குப் பார்க்கிறாள், கவனம் இல்லை" என்று வகுப்பாசிரியை குறித்து வைத்திருந்தார். அவர் கொடுமைக்காரர் அல்லர். தன் பணத்தில் பிள்ளைகளுக்குப் பென்சில் வாங்கித் தருகிறவர். நாற்பத்திரண்டில் பதினேழு போனால் எவ்வளவு என்று அவர் கேட்ட நொடியில் அவளுக்கு அந்தப் 'பதினேழு' மட்டும் அறுந்து போயிருக்கும். என்ன கேட்டார்கள் என்றே தெரியாத கேள்விக்கு அவள் என்ன பதில் சொல்ல முடியும்?

இதில் என்னை உறுத்திய விஷயம் வேறு. நான் வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர். என் பொறுப்பில் 18 பள்ளிகள். மாற்றுத்திறனுடைய பிள்ளைகளுக்குப் பாடத்திலும் பயிற்சியிலும் உதவுவது ஒரு பாதி வேலை என்றால், அந்தப் பள்ளிகளின் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுப்பது மறு பாதி. அந்த வகுப்பாசிரியை என் பயிற்சியில் இரண்டு முறை உட்கார்ந்தவர். இரண்டு முறையும் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தைத் திரையில் காட்டி, 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஏழாக இருந்த வகைகள் இப்போது 21 ஆகியிருக்கின்றன என்று ஒவ்வொன்றாக வாசித்தேன். அவரும் அக்கறையாக எழுதிக்கொண்டார். அந்த 21இல் வலிப்பு என்ற பெயரே கிடையாது.

பட்டியலை நான் குறை சொல்லவில்லை. கற்றல் குறைபாடும் ஆட்டிசமும் அதில் ஏறியதால்தான் எத்தனையோ பிள்ளைகளுக்கு அடையாள அட்டையும், பொதுத்தேர்வில் கூடுதலாக ஒரு மணி நேரமும், சொல்வதை எழுத ஆளும் கிடைக்கின்றன. ஆனால் நான் ஆசிரியர்களுக்குப் பெயர்களைக் கொடுத்தேன், பார்க்கக் கற்றுக்கொடுக்கவில்லை. அக்காவுக்கு ஒரு பெயரும் தெரியாது. அவர் பார்த்தார்.

பாளையங்கோட்டையில் பார்வையற்றோருக்கும் காது கேளாதோருக்கும் 19ஆம் நூற்றாண்டிலேயே தனிப் பள்ளிகள் வந்துவிட்டன. அதற்கென்றே பழகிய ஆசிரியர்கள் அங்கே இருந்தார்கள். இன்று சட்டமும் நியாயமும் சொல்வது, பிள்ளை தன் தெருப் பள்ளியிலேயே, தன் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளோடு படிக்க வேண்டும் என்பது. நான் முழு மனதோடு ஏற்கும் வழி அது. அப்படியானால் அந்தப் பழக்கம் தெருப் பள்ளிக்கும் வந்து சேர வேண்டும். வாரத்தில் ஒரு நாள்கூட ஒரு பள்ளியில் முழுதாக இருக்க முடியாத என்னால் மட்டும் அது வராது. அதே 2016 சட்டத்தின் 17ஆம் பிரிவு, பள்ளிக் கல்வியின் எல்லா நிலைகளிலும் வல்லுநர்களுக்கும் பணியாளர்களுக்கும் பயிற்சி தரச் சொல்கிறது. ஆசிரியர் என்று மட்டும் எழுதாமல் 'பணியாளர்' என்ற சொல்லையும் சேர்த்த கையை நான் கும்பிடுகிறேன்.

அந்தச் சிறுமியைப் பார்த்த பிறகு பயிற்சியை மாற்றினேன். மண்டபப் பயிற்சி வந்தால் அதையும் செய்கிறேன். அதோடு, தலைமையாசிரியர் சம்மதிக்கும் பள்ளிகளில், மாலை மணி அடித்த பிறகு முக்கால் மணி நேரம் வராந்தாவில் வட்டமாக உட்காருகிறோம். ஆசிரியர்கள், சத்துணவு அமைப்பாளர், சமையலர், காலை உணவுத் திட்டத்தில் சமைக்கும் மகளிர் குழுப் பெண்கள், கூட்டிப் பெருக்கும் அம்மா எல்லாரும் வருவார்கள். 2022இல் காலை உணவு தொடங்கியதிலிருந்து பிள்ளையின் முகத்தைப் பள்ளியில் முதலில் பார்ப்பது அந்தக் குழுப் பெண்கள்தான். இரவு வீட்டில் சண்டை நடந்ததா, பிள்ளை தூங்கியதா என்பது உப்புமாத் தட்டை நீட்டும்போதே அவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது.

ஒரு கூட்டத்துக்கு ஒரே பிள்ளை. அந்தப் பிள்ளையைப் பற்றி ஆளுக்கொன்று சொல்ல வேண்டும், கண்ணால் பார்த்ததை மட்டும். 'சோம்பேறி' என்பது பார்த்ததில் சேராது. 'எழுதும்போது நோட்டை மூக்குக்கு அருகே கொண்டுபோகிறான்' என்பது சேரும். தொடக்கத்தில் ஆசிரியர்களுக்கு இது கடினமாக இருக்கிறது. எங்கள் தொழிலில் மதிப்பெண் போட்டுப் பழகிய கை, பார்த்த உடனே தீர்ப்பையும் எழுதிவிடும்.

சில வேளை ஆசிரியர்களைக் கடைசி பெஞ்சில் உட்காரவைத்து, மின்விசிறியை முழு வேகத்தில் விட்டு, கரும்பலகையைப் பார்த்தபடியே தாழ்ந்த குரலில் பத்து வரி சொல்வேன், எழுதச் சொல்வேன். பாதிக்கு மேல் ஒருவருக்கும் வராது. அப்படியே திரும்பி, முகம் காட்டி, அதே வரிகளைச் சொன்னால் வந்துவிடும். காது மந்தமான பிள்ளைக்குப் பாதிச் செய்தி உதட்டில்தான் இருக்கிறது என்று நான் விளக்க வேண்டியிருக்காது. மறு வாரம் போனால் அந்தப் பிள்ளை முன் வரிசையில், ஆசிரியரின் முகம் தெரியும் பக்கமாக உட்கார்ந்திருக்கும்.

கற்றல் குறைபாடு பற்றி வெளியிலிருந்து வரும் கையேடுகள் பெரும்பாலும் ஆங்கில எழுத்துகளை வைத்தே பேசுகின்றன. நம் பிள்ளை தமிழில் தடுமாறுவது வேறு இடங்களில். 'கொ' என்று எழுத, காதில் பின்னால் விழும் ஒலிக்குக் கொம்பை எழுத்துக்கு முன்னால் போட வேண்டும், காலைப் பின்னால் போட வேண்டும். கண்ணும் காதும் ஒரே திசையில் போகாத இடம் அது. 'கொக்கு' என்று சொன்னால் 'கெக்கு' என்றோ 'காக்கு' என்றோ எழுதும் பிள்ளை பாதி எழுத்தைப் பிடித்துவிட்டது என்று அர்த்தம். அதைச் சிவப்பு மையால் அடிக்காமல், மணலில் பெரிதாக எழுதவைத்து, முதலில் கொம்பு, பிறகு எழுத்து, பிறகு கால் என்று வாயால் சொல்லவைத்தால் மெல்ல வரும். எல்லாப் பிள்ளைகளுக்கும் தொடக்கத்தில் இந்தத் தடுமாற்றம் இருக்கும். மூன்று, நான்காம் வகுப்பிலும் விடாமல் தொடர்ந்தால் என்னைக் கூப்பிடுங்கள் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

வலிப்பு முதலுதவியை எல்லாப் பள்ளியிலும் செய்து காட்டுகிறேன். கையில் சாவிக்கொத்தைத் திணிக்க வேண்டாம், இரும்பு எதையும் நிறுத்தாது. வாயில் கரண்டியோ துணியோ வைக்க வேண்டாம், தண்ணீர் ஊற்ற வேண்டாம். இழுத்துப் பிடிக்க வேண்டாம். தலைக்கடியில் மெத்தென்று எதையாவது கொடுத்து, உடலை ஒருக்களித்து, கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் 108. நினைவு திரும்பும்போது சுற்றிலும் கூட்டம் நிற்கக் கூடாது. உடை நனைந்திருந்தால் அந்தப் பிள்ளைக்கு வலிப்பைவிட அதுதான் பெரிய துன்பம், ஆகவே ஒரு பழைய துண்டு தயாராக இருக்கட்டும். துண்டு வைக்க வேண்டும் என்ற யோசனை கூட்டிப் பெருக்கும் அம்மா ஒருவர் சொன்னது.

உடம்பில் தெரியாத துன்பங்களைப் பற்றிப் பேசுவது இன்னும் கடினம். ஒரு பள்ளியில் அப்பா இறந்த பிறகு எட்டாம் வகுப்புப் பையன் பேச்சையே குறைத்துக்கொண்டான். எல்லாரும் அன்பினால்தான் "நீதான்டா இனிமே வீட்டுக்கு ஆம்பள, அழக் கூடாது" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். கூட்டத்தில் ஒரு கணக்கு சார், தன் பதின்மூன்று வயதில் தனக்கும் இதையே சொன்னார்கள் என்றார். அதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை. நாங்கள் யாரும் அவசரப்படவில்லை. மறுநாளிலிருந்து அந்த சார் பையனிடம் ஒன்றும் கேட்கவில்லை. மாலையில் நோட்டுகளை அடுக்க அவனைத் துணைக்கு வைத்துக்கொண்டார். மூன்றாம் வாரம் அவனாகவே அப்பாவின் சைக்கிளைப் பற்றிப் பேசினான்.

பிள்ளை தனக்கு நேர்ந்த தீங்கைச் சொல்ல வந்தால் என்ன செய்வது என்பதை நாங்கள் பேச்சு வாக்கியங்களாகவே பழகுகிறோம். "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தவர் காவல்துறையிடம் தெரிவித்தே ஆக வேண்டும், மறைத்தால் அதுவே தண்டனைக்குரியது. பிறகு அந்த வாக்கை மீறினால் பிள்ளை நம்மையும் இழந்துவிடும். "நீ சொன்னது நல்லது, உன்மேல் தப்பில்லை, உன்னைப் பாதுகாக்க யாரிடம் சொல்ல வேண்டுமோ அவர்களிடம் மட்டும் சொல்வேன்" என்று சொல்லலாம். துருவித் துருவிக் கேட்பதும், "அப்பவே ஏன் சொல்லல?" என்று கேட்பதும் கூடாது. 1098 என்ற எண்ணும், பள்ளிக் கல்வித்துறையின் 14417 என்ற எண்ணும் சுவரில் எழுதியிருக்கின்றன. சுவரில் இருப்பது வாய்க்கு வர, சத்தமாகச் சொல்லிப் பழக வேண்டியிருக்கிறது. முதல் முறை சொல்லும்போது பெரியவர்களுக்கே குரல் நடுங்குகிறது.

ஆசிரியர்களின் சோர்வையும் நான் பார்க்கிறேன். பதிவேடு, செயலிப் பதிவு, தேர்வு என்று ஓடிக் களைத்தவரிடம் "இன்னும் ஒன்று செய்யுங்கள்" என்று போய் நிற்க எனக்கு மனம் வருவதில்லை. அதனால்தான் முக்கால் மணி நேரத்தை ஒரு நிமிடமும் தாண்டவிடுவதில்லை. கூட்ட முடிவில் எடுக்கும் தீர்மானம் ஒன்றே ஒன்று, அதுவும் செய்யக்கூடியது. இடம் மாற்றி உட்காரவைப்பது, விட்டுப்போன கேள்வியைக் கோபப்படாமல் மறுபடி சொல்வது, இப்படி. எந்தப் பிள்ளையையும், உள்ளடங்கிய கல்வியின் ஆங்கிலச் சுருக்கத்தை ஒட்டி 'ஐ.இ. பிள்ளை' என்று கூப்பிடுவதில்லை என்று ஒரு பள்ளியில் அவர்களாகவே முடிவெடுத்தார்கள். பிள்ளைக்குப் பெயர் இருக்கிறதே என்றார் ஒருவர்.

போன மாதம் வேறொரு பள்ளியில் கூட்டம். அன்று பேச எடுத்துக்கொண்ட பையன் மூன்றாம் வகுப்பு. காலையில் வரும்போதே வாசலில் அழுது அடம்பிடிக்கிறான், வகுப்புக்குள் வந்தால் சரியாகிவிடுகிறான். அம்மாவைப் பிரிய மனமில்லை என்று ஆசிரியை நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன். பெருக்கும் அம்மா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து உட்கார்ந்தவர், நெடுநேரம் பேசவில்லை. கடைசியில், "நான் ஒண்ணு சொல்லலாமா டீச்சர்? அவன் அழுகைக்கு முன்னாடி காதப் பொத்துதான். அழுதுட்டுப் பொத்தல, பொத்திட்டுதான் அழுதான்" என்றார்.

வாசலுக்கு நேர் மேலே, உத்தரத்திலிருந்து, தண்டவாளத் துண்டு ஒன்று தொங்குகிறது. அதுதான் அந்தப் பள்ளியின் மணி. மறுநாள் காலை ஒன்பது மணிக்கு முன்பே போய் நான் அதன் அடியில் நின்றேன்.