பிடிஎஃப் அட்டவணைகளை விரிதாளுக்கு மாற்றுதல்

பிடிஎஃப் அட்டவணைப் பிரித்தெடுப்பு என்பது, பிடிஎஃப் ஆவணத்தில் அட்டவணையாக உள்ள தரவுகளைக் கூட்டவும் வரிசைப்படுத்தவும் ஏற்ற விரிதாளுக்குக் கொண்டு செல்லும் பணியாகும். வரவுசெலவுத் திட்டம், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, மதிப்பெண் பட்டியல், வங்கிக் கணக்கு அறிக்கை போன்றவை பல நேரங்களில் பிடிஎஃப் வடிவிலேயே கிடைப்பதால் இப்பணி தேவைப்படுகிறது.

சிக்கலின் காரணம்

அடோபி நிறுவனம் 1993 இல் பிடிஎஃப் வடிவத்தை வெளியிட்டது. 2008 இல் இது ஐஎஸ்ஓ 32000 என்னும் பன்னாட்டுத் தரமானது. எந்தக் கணினியில் திறந்தாலும் பக்கத்தின் தோற்றம் மாறாதிருக்க வேண்டும் என்பதே இதன் நோக்கம். அதனால் ஒவ்வோர் எழுத்தும் பக்கத்தில் எங்கு அமைய வேண்டும் என்பதையே கோப்பு பதிந்து வைக்கிறது. "இந்த எண் மூன்றாம் வரிசையின் இரண்டாம் கட்டத்துக்கு உரியது" என்னும் செய்தி பெரும்பாலான கோப்புகளில் இருப்பதில்லை. கண்ணுக்கு அட்டவணையாகத் தெரிவது, கணினிக்குச் சிதறிக் கிடக்கும் எழுத்துகளும் கோடுகளுமே. எனவே எந்த மென்பொருளும் கட்டங்களை ஊகித்தே பிரிக்கிறது.

கோப்பின் வகையை அறிதல்

முதலில் அட்டவணையிலுள்ள ஒரு சொல்லைச் சுட்டியால் தெரிவு செய்து பார்க்க வேண்டும். சொல் தெரிவானால் அது பொதுவாக எழுத்துகளைக் கொண்ட கோப்பு. சொல்லைத் தெரிவு செய்ய முடியாவிட்டால் அது காகிதத்தை வருடி எடுத்த படம். படத்துக்கு முதலில் எழுத்துணரி தேவை.

முறைகள்

1. நகலெடுத்து ஒட்டுதல்: சிறிய அட்டவணைக்குப் போதும். சில நேரங்களில் வரிசை முழுவதும் ஒரே கட்டத்துக்குள் விழுந்துவிடும்.

2. எக்செல்: மைக்ரோசாப்ட் 365 இன் விண்டோசுப் பதிப்பில், தரவு என்னும் பட்டியின் கீழ் பிடிஎஃப் கோப்பிலிருந்து அட்டவணையை நேரடியாகப் பெறும் வசதி உள்ளது.

3. டாபுலா: 2013 இல் வெளியான கட்டற்ற மென்பொருள். அட்டவணையைச் சுற்றிக் கட்டம் வரைந்து காட்டினால் சிஎஸ்வி கோப்பாகத் தரும். இது பயனரின் கணினியிலேயே இயங்குவதால் கோப்பு வெளியே செல்வதில்லை. வங்கி அறிக்கை போன்றவற்றை முன்பின் தெரியாத இணையதளங்களில் பதிவேற்றுவதைவிட இது பாதுகாப்பானது.

4. கேமலாட்: ஒரே அமைப்பிலுள்ள பல கோப்புகளைக் கையாள உதவும் பைத்தான் நிரலகம்.

டாபுலா, கேமலாட் இரண்டிலும் இரு வழிகள் உண்டு. ஒன்று கோடுகளைக் கொண்டு கட்டங்களைப் பிரிப்பது. மற்றொன்று, கோடில்லா அட்டவணையில் எழுத்துகளுக்கு இடையிலுள்ள வெற்றிடத்தைக் கொண்டு பிரிப்பது.

5. எழுத்துணரி: படமாக உள்ள கோப்புகளுக்கு டெசராக்ட் என்னும் கட்டற்ற மென்பொருள் பயன்படுகிறது. இது தமிழையும் படிக்கும். ஆனால் மங்கிய அச்சில் 3 ஐ 8 எனவும் 1 ஐ 7 எனவும் படித்துவிடக்கூடும்.

தமிழ் ஆவணங்கள்

பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அமைந்த ஆவணங்களில், தமிழ்ப் பெயர்கள் ஆங்கில எழுத்துகளாக வெளிவரும். அவற்றை ஒருங்குறி மாற்றி கொண்டு மாற்ற வேண்டும். ஒருங்குறியில் தட்டச்சு செய்த ஆவணங்களிலும் எகர, ஏகார, ஐகாரக் குறிகள் மெய்யெழுத்துக்கு முன்னே தள்ளப்பட்டு, சொற்கள் சிதையக்கூடும். எண்கள் சரியாக வந்திருந்தாலும் பெயர்களைத் தனியே பார்க்க வேண்டும்.

மறைந்திருக்கும் பிழை

தமிழ், ஆங்கிலம், கணிதம், அறிவியல் என நான்கு பாடங்கள் கொண்ட மதிப்பெண் பட்டியலில், ஒரு மாணவர் ஆங்கிலத் தேர்வுக்கு வரவில்லை எனக் கொள்வோம். அவரது வரிசையில் 72, வெற்றுக் கட்டம், 85, 64 என இருக்கும். வெற்றுக் கட்டத்தை மென்பொருள் தவறவிட்டால் 72, 85, 64 என எண்கள் இடப்புறம் நகர்ந்துவிடும். அறிவியல் தேர்வு எழுதிய மாணவர் அதை எழுதாதவராகிவிடுவார். வரிசையைக் கூட்டிப் பார்த்தாலும் இப்பிழை வெளிப்படாது. இரு நிலையிலும் கூடுதல் 221 தான். நெடுவரிசையைக் கூட்டி மூல ஆவணத்துடன் ஒப்பிட்டால்தான் வேறுபாடு தெரியவரும்.

சரிபார்த்தல்

* மூலத்திலும் விரிதாளிலும் வரிசைகளின் எண்ணிக்கை ஒன்றாக உள்ளதா எனப் பார்த்தல். பக்கம் மாறும் இடங்களில் தலைப்பு வரிசை மீண்டும் நுழைந்திருக்கலாம்.
* ஒவ்வொரு நெடுவரிசையின் கூடுதலையும் அச்சிட்ட கூடுதலுடன் ஒப்பிடுதல். அச்சிட்ட கூடுதல் இல்லையெனில், வெற்றுக் கட்டம் உள்ள வரிசைகளை ஒவ்வொன்றாகக் கண்ணால் ஒப்பிடுதல்.
* எண்கள் எண்களாகவே பதிவாகியுள்ளனவா என அறிதல். 1,25,000 போன்ற எண் உரையாகப் பதிவாகியிருந்தால், விரிதாளின் கூட்டல் சார்பு அதைச் சேர்க்காமல் விட்டுவிடும். அத்தகைய எண் வழக்கமாகக் கட்டத்தின் இடப்பக்கம் ஒட்டி நிற்கும்.
* கணக்கு எண், பதிவு எண் ஆகியவற்றின் முன்னுள்ள சுழியங்கள் விடுபடாதிருக்க, அந்த நெடுவரிசைகளை மட்டும் உரையாக அமைத்தல்.

இவை பொருந்திய பின்னரே மாற்றப்பட்ட தரவைக் கணக்கீட்டுக்குப் பயன்படுத்த வேண்டும். மூல பிடிஎஃப் கோப்பையும் உடன் வைத்திருந்தால், பின்னர் ஐயம் எழும்போது ஒப்பிட்டுப் பார்க்கலாம்.