இளங்குழந்தைகளின் காசநோயை அறியுமாறு

ஒரு பொருளை உண்மையாக அறிவதற்குரிய வாயில்களை நம் முன்னோர் அளவைகள் என வழங்கினர். கண் முதலிய பொறிகளால் நேரே அறிவது காட்சி. கண்ட ஒன்றனைக் கொண்டு காணாத ஒன்றனைத் துணிவது கருதல். நம்பத்தக்கார் கூறக் கேட்டு அறிவது உரை. மலைமேற் புகையைக் கண்டு ஆங்குத் தீ உண்டெனத் துணிதல், கருதலுக்குத் தருக்க நூலார் காட்டும் பழைய எடுத்துக்காட்டு. இவையெல்லாம் ஏட்டளவில் நிற்கும் பாகுபாடுகள் என மாணவர் சிலர் எண்ணக்கூடும். ஆனால், நோயாளியின் படுக்கையருகே நிற்கும் மருத்துவருக்கு இவை நாள்தோறும் வேண்டப்படும் கருவிகளாம். அதிலும், ஐந்து வயதிற்குட்பட்ட குழந்தைகளின் காசநோயை அறியப் புகுமிடத்துக் காட்சி பெரும்பாலும் நம்மைக் கைவிட்டுவிடுகின்றது. கருதலையும் உரையையுமே துணைக்கொள்ள வேண்டியதாகின்றது. அஃது ஏன் என்பதையும், காட்சி கிட்டும்வரை காத்திருப்பதால் விளையுங் கேடு யாதென்பதையும் ஈண்டு விளக்க முயல்கின்றோம்.

சயரோகம் என்றும் எலும்புருக்கி என்றும் முன்னாளில் வழங்கிய இந்நோய்க்குக் காரணம் ஒரு நுண்கிருமியே என்பதை ஜெர்மானிய அறிஞர் இராபர்ட் காக் 1882-ஆம் ஆண்டு மார்ச் மாதம் 24-ஆம் நாள் பெர்லின் நகரில் வெளியிட்டார். நோய் முற்றிய பெரியோருடைய நுரையீரலிற் குழிகள் விழுகின்றன. அக்குழிகளிற் கிருமிகள் எண்ணிறந்தனவாகப் பெருகி, இருமுந்தோறும் சளியோடு வெளிப்படுகின்றன. அச்சளியைக் கண்ணாடித் தகட்டிற் பூசிச் சாயமேற்றி நுண்ணோக்கியால் நோக்கின், சிறு செங்கோல்கள் கிடப்பனபோலக் கிருமிகள் தோன்றும். இது காட்சி. கண்டபின் வழக்கிற்கு இடமில்லை.

குழந்தையின் நிலை வேறு. நோயுற்ற பெரியவர் ஒருவர் இருமிய காற்றைக் குழந்தை உள்ளிழுக்குமிடத்துக் கிருமிகள் நுரையீரலில் ஓரிடத்திற் படிந்து சிறு புண்ணை உண்டாக்குகின்றன. ஆஸ்திரிய அறிஞர் ஆந்தோன் கோன் இறந்த குழந்தைகளின் நுரையீரல்களை ஆராய்ந்து இம்முதற் புண்ணின் இயல்பை 1912-இல் விரித்தெழுதினார். அப்புண்ணிலிருந்து கிருமிகள் நுரையீரலின் அடிவேரிலுள்ள நிணநீர்க் கணுக்களை அடைய, அவை வீங்கி மூச்சுக்குழாய்களை நெருக்குகின்றன. குழந்தையின் நோய் பெரும்பாலும் இக்கணுக்களிலேயே அடைபட்டுக் கிடக்கின்றது. குழிகள் விழுதல் அரிது. ஆதலின் வெளிப்படும் கிருமிகளும் மிகச் சில. நுண்ணோக்கியிற் கிருமி தென்படுவதற்கு ஒரு மில்லிலிட்டர் சளியில் ஏறக்குறைய 5,000 முதல் 10,000 வரை கிருமிகள் இருத்தல் வேண்டும். மேலும், இளங்குழந்தை சளியை உமிழ அறியாது. இருமி வந்ததை விழுங்கிவிடும். இவ்வாறு, உள்ளதும் சிறிது, அச்சிறிதும் வெளிவருவதில்லை என்றாகின்றது.

நிற்க. கிருமி வெளிப்படும்வரை காத்திருந்தால் என்ன என்று வினவலாம். காத்திருக்க நோய் விடுவதில்லை. ஸ்வீடன் நாட்டுக் குழந்தை மருத்துவர் ஆர்விட் வால்கிரென் 1948-இல் 'காசநோயின் கால அட்டவணை' என ஒன்றை வகுத்தார். கிருமி புகுந்த சில வாரங்களில் உடல் அதனை உணர்கின்றது. உடலெங்கும் பரவும் நோயும் மூளைச் சவ்வைத் தாக்கும் நோயும், வருமாயின், பெரும்பாலும் முதற் சில மாதங்களுக்குள்ளேயே வந்துவிடுகின்றன என்பது அவ்வட்டவணையின் சாரம். மருந்துகள் தோன்றுதற்கு முற்பட்ட காலத்துக் குறிப்புகளைத் தொகுத்து நோக்கியவர்கள் மற்றோர் உண்மையையும் கண்டனர். ஒரு வயதிற்குள் கிருமி புகப்பெற்ற குழந்தைகளில் ஏறத்தாழப் பாதிப்பேர் நோயுற்றனர். அவருள்ளும் மூளைச் சவ்வு நோய்க்கும் உடல் முழுதும் பரவிய நோய்க்கும் ஆளானோர் பலர். இரண்டு வயதிலிருந்து ஐந்து வயதிற்குட்பட்டோரில் நோயுற்றவர் நூற்றுக்கு ஐவர் அளவினரே. எனவே, குழந்தை எவ்வளவு இளையதோ அவ்வளவு விரைவாகத் துணிய வேண்டும். ஆனால், எவ்வளவு இளையதோ அவ்வளவு அரிதாகவே சான்று கிடைக்கும். இம்முரண்பாடே இந்நோயின் கொடுமை.

2015-ஆம் ஆண்டில் உலகில் 15 வயதிற்குட்பட்டோர் ஏறக்குறைய 2,39,000 பேர் காசநோயால் இறந்தனர் எனக் கணித்திருக்கின்றனர். அவருள் நூற்றுக்கு எண்பதின்மர் ஐந்து வயது நிரம்பாதவர்; நூற்றுக்குத் தொண்ணூற்றறுவர் சிகிச்சையே பெறாதவர். மருந்து பயன்படாமையால் அவர்கள் இறந்திலர். நோய் இன்னதென அறியப்படாமையால் இறந்தனர்.

காட்சியைப் பெற மருத்துவர் முயலாமலில்லை. இரவெல்லாம் குழந்தை விழுங்கிய சளி இரைப்பையிலே தங்கியிருக்கும். ஆதலின், விடியற்காலையில் குழந்தை எழுந்து உணவு கொள்ளுமுன் மூக்கின் வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி இரைப்பை நீரை எடுப்பர். இவ்வாறு மூன்று நாள் எடுத்தல் வழக்கம். குழந்தைக்கும் தாய்க்கும் இது துன்பந்தருவதே. உப்பு நீரை ஆவிபோலாக்கி உள்ளிழுக்கச் செய்து சளியை இளக்கி எடுப்பது மற்றொரு முறை. இவ்வகையில் ஒருமுறை எடுத்த சளி, மும்முறை எடுத்த இரைப்பை நீருக்கு நிகரான பயன் தருமெனத் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரில் நிகழ்ந்த ஆராய்ச்சியொன்று 2005-இல் காட்டிற்று. கிருமியின் மரபணுக் கூற்றைப் பெருக்கிக் காட்டும் எக்ஸ்பெர்ட் என்னும் பொறியை உலக சுகாதார நிறுவனம் 2010-இல் ஏற்றது. அது இரண்டு மணி நேரத்தில் விடை தருவது. அதனினும் நுண்ணிய பொறி 2017-இல் வந்தது. விழுங்கிய சளி முடிவிற் குடல் வழியே வெளிப்படுமாகலின், குழந்தையின் மலத்தையும் இப்பொறியிற் சோதிக்கலாம் என்று இப்போது கண்டிருக்கின்றனர். குழாய் வேண்டாம், பட்டினி வேண்டாம். சிற்றூர் மருத்துவமனைக்கும் இஃது இயல்வதே.

இத்தனை இருந்தும், காசநோயுற்ற இளங்குழந்தைகளிற் பெரும்பாலோரிடம் கிருமி அகப்படுவதில்லை. 12 நாடுகளைச் சேர்ந்த 4,718 குழந்தைகளின் குறிப்புகளை அண்மையில் ஒருங்கே ஆராய்ந்தனர். அவருட் காசநோயர் எனக் கொள்ளப்பட்டோரில் கிருமி கண்டு உறுதிசெய்யப்பட்டவர் ஏறத்தாழப் பத்தில் மூன்று பங்கினரே. ஆகவே, சோதனைச் சாலையிலிருந்து 'கிருமி இல்லை' என்று வரும் சீட்டினை நாம் 'கிருமி அகப்படவில்லை' என்றே படித்தல் வேண்டும். வலையில் மீன் சிக்காமையால் ஏரியில் மீனே இல்லையென்று எவருங் கூறார்.

இனி உரையளவையை நோக்குவோம். குழந்தை தன் நோயைச் சொல்லமாட்டாது. அதற்காகப் பேசுபவள் தாய். இரண்டு வாரத்திற்கு மேற்பட்டும் நீங்காத இருமல், காரணம் புலப்படாது நீடிக்கும் காய்ச்சல், உணவிருந்தும் தேறாத உடல், விளையாட்டில் விருப்பமின்றிச் சோர்ந்து கிடத்தல் ஆகிய இவற்றைத் தாயன்றி வேறு யார் அறிவார்? இவற்றினுஞ் சிறந்த வினா ஒன்றுண்டு: அவ்வீட்டில் இருமுகின்றவர் யார்? குழந்தைக்கு இந்நோய் பெரியவரிடமிருந்தே பெரும்பாலும் வருகின்றது. ஆதலின், குழந்தையின் நோயை அறிவதற்குரிய முதற் சான்று பல வேளைகளில் அதன் உடலில் இல்லை. பாட்டனார் படுத்திருக்கும் திண்ணையில் இருக்கின்றது.

இவ்வினாவைக் கேட்கும் முறையும் ஒன்றுண்டு. 'உங்கள் வீட்டில் யாருக்கேனும் காசநோய் உண்டா?' என்று கேட்டால் 'இல்லை' என்றே விடை வரும். பெண்ணுக்கு வரன் தட்டிப்போகும், அக்கம்பக்கத்தார் விலகுவர் என்னும் அச்சம் நம் வீடுகளில் இன்னும் நீங்கவில்லை. 'நெடுநாளாக இருமுகின்றவர் உண்டா? ஆறு மாதம் தொடர்ந்து மருந்துண்டவர் உண்டா? சென்ற ஓராண்டில் உடல் மெலிந்து இறந்தவர் உண்டா? பகலிற் குழந்தையைத் தூக்கி வைத்திருப்பவர் யார்?' எனப் பிரித்துக் கேட்பின் உண்மை வெளிவரும். அண்டை வீட்டாரையும் ஒண்டுக்குடித்தனக்காரரையும் விட்டுவிடலாகாது.

அடுத்தது கருதல். இதற்குரிய புகைகள் சிலவற்றைக் காண்போம். முதலாவது எடை. அங்கன்வாடியிலே மாதந்தோறும் குறிக்கப்படும் எடை அட்டையில் மேல்நோக்கிச் செல்லவேண்டிய கோடு இரண்டு மூன்று மாதம் படுத்துவிடுமாயின், அது வாய்திறவாமற் கூறும் சாட்சியாம். இரண்டாவது, கழுத்தில் வலியின்றி நெறிகட்டி வாரக்கணக்கில் கரையாமல் நிற்றல்.

மூன்றாவது தோற் சோதனை. வியன்னா நகரத்து மருத்துவர் கிளமென்ஸ் வான் பிர்கே 1907-இலும், பிரெஞ்சு மருத்துவர் சார்ல் மாண்டூ 1908-இலும் இதனைச் செம்மைசெய்தனர். கிருமியின் சத்தாகிய ட்யூபர்குலினை முன்கைத் தோலுள் ஊசியால் ஏற்றி, 48 முதல் 72 மணி நேரத்திற்குள் தடிப்பை அளப்பர். 10 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ தடித்திருப்பின் கிருமி உடலிற் புகுந்துள்ளதெனப் பொதுவாகக் கொள்ளலாம். ஆனால், புகுந்த கிருமி உறங்குகின்றதா, நோய் செய்கின்றதா என்பதை இச்சோதனை கூறாது. மேலும், மிக மெலிந்த குழந்தையிடத்தும், தட்டம்மை கண்டு தேறிய குழந்தையிடத்தும், நோய் உடல் முழுதும் பரவிய குழந்தையிடத்தும் தோல் தடிக்காமலே இருந்துவிடலாம். எவருக்கு இச்சாட்சி மிக வேண்டுமோ அவரிடத்தே அது மௌனஞ் சாதிக்கின்றது.

நான்காவது எக்ஸ்-ரே படம். நுரையீரலின் அடிவேரில் வீங்கிய கணுக்களின் நிழல் அதில் தெரியும். பக்கவாட்டிலும் ஒரு படம் எடுப்பின் நன்கு தெரியும். எனினும், அழுது திமிறும் குழந்தையின் படம் கோணலாக விழும். அன்றியும், இளங்குழந்தைக்கு இயல்பாகவே உள்ள தைமஸ் சுரப்பியின் நிழல் மயக்கந்தரும். ஒரே படத்தைத் தேர்ந்த மருத்துவர் இருவர் நோக்கி மாறுபட்டுரைத்தல் புதுமையன்று.

இவ்வாறு ஒவ்வொரு சாட்சியும் குறையுடையதே. ஆயினும், குறையுடைய சாட்சிகள் பல ஒன்றையே சுட்டுமாயின் நடுவர் துணிந்து தீர்ப்பளிப்பதில்லையா? அவ்வாறே மருத்துவரும் துணிதல் வேண்டும். இதற்கு உதவியாக, உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்ட வழிகாட்டி நூலில், பத்து வயதிற்குட்பட்ட குழந்தைகளுக்கென ஒரு முறை வகுத்துள்ளது. அதன்படி, நோய்க்குறிகளுக்கும் எக்ஸ்-ரே குறிகளுக்கும் மதிப்பெண் இட்டுக் கூட்டி, குறித்த எல்லையைக் கடந்தால், கிருமி காணப்படாவிடினும் சிகிச்சை தொடங்கலாம். நோயாளியோடு நெருங்கி வாழ்ந்த குழந்தைக்குக் குறிகள் நீங்காதிருப்பின் மதிப்பெண்ணும் வேண்டுவதில்லை. இரண்டு வயதிற்குட்பட்டோர், மிக மெலிந்தோர், எச்.ஐ.வி. உடையோர் ஆகியோரிடத்து நாட்கடத்தலாகாது. மற்றையோருக்கு முதலிற் பிற நோய்களுக்குரிய மருந்தளித்து ஓரிரு வாரம் பார்க்கலாம்.

இம்முறையும் பிழையற்றதன்று. நோயுள்ளவருட் பெரும்பாலோரைத் தப்பவிடாதபடி அமைத்தமையால், வேறு நோயுற்ற குழந்தைகளிற் பலரையும் இது காசநோயரெனக் காட்டும். அவர்கள் வேண்டாத மருந்தை உண்பர். அவர்தம் உண்மை நோய் மறைந்து நிற்கவும் கூடும். ஆகவே, மருந்து தொடங்கியபின் குழந்தையைக் கைவிடாது மாதந்தோறும் பார்த்தல் வேண்டும். இருமல் தணிந்து எடை ஏறின் அதுவும் ஒரு சான்று. ஏறாவிடின் துணிபை மீண்டும் ஆராய வேண்டும். எனினும், இருவகைப் பிழைகளையும் துலாக்கோலில் இட்டு நோக்குவோம். வேண்டாத மருந்தால் குழந்தைகளுக்குப் பெருந்தீங்கு நேர்தல் அரிது. வேண்டிய மருந்து கிடையாமையால் நேர்வதோ இறப்பு. அன்றேல் மூளை கெட்டு வாழ்நாளெல்லாம் நீங்காத ஊனம். எத்தட்டுத் தாழும் என்பதை யாம் சொல்லவேண்டுவதில்லை.

மருந்தும் இப்போது எளிதாயிருக்கின்றது. கடுமையல்லாத காசநோயுடைய குழந்தைகளுக்கு ஆறு மாதத்திற்குப் பதிலாக நான்கு மாதச் சிகிச்சையே போதும் என்பதை, 1,204 குழந்தைகளிடத்து இந்தியா, தென்னாப்பிரிக்கா, உகாண்டா, சாம்பியா ஆகிய நாடுகளில் நிகழ்ந்த ஆராய்ச்சி 2022-இல் நிறுவிற்று. அதில் நம் சென்னை நகரும் பங்கு கொண்டது. அந்நகரில் 1956-இல் நிறுவப்பட்ட ஆய்வு நிலையமே, நோயாளியை வீட்டில் வைத்துச் சிகிச்சை செய்தலும் சானடோரியத்திற்கு ஒப்பான பயனுடையதென உலகிற்குக் காட்டியது. வீட்டிலுள்ளோர்க்கு நேரும் பெருந்தீங்கு, நோயாளி மருந்துண்ணத் தொடங்குமுன் கழிந்த நாட்களிலேயே நேர்ந்துவிடுகின்றது என்பதும் அவ்வாராய்ச்சிகளாற் புலனாயிற்று. பெரியவரின் இருமலை நாம் பொருட்படுத்தாது விடும் ஒவ்வொரு வாரமும் குழந்தையின் கணக்கிலேயே எழுதப்படுகின்றது.

இதனைப் படிக்கும் மாணவரிற் சிலரே மருத்துவராவர். ஆயினும், ஆசிரியராகவும் அலுவலராகவும் பெற்றோராகவும் பலர் ஆவர். நெடுநாள் இருமும் ஒருவரைக் காணாதவர் எவருமிலர். அவரைச் சளிச் சோதனைக்கு அனுப்புவதோடு கடமை முடிந்ததென எண்ணாது, 'அவ்வீட்டில் ஐந்து வயதிற்குட்பட்ட குழந்தை உண்டா?' என்று மேலும் ஒரு வினாவைக் கேட்டல் வேண்டும். உண்டாயின், அக்குழந்தையை உடனே மருத்துவரிடம் காட்டச் செய்வீராக. நோய் இருப்பின் சிகிச்சையும், இல்லையாயின் தடுப்பு மருந்தும் அதற்கு உண்டு. அரசாங்க மருத்துவமனைகளில் இவை விலையின்றியே கிடைக்கின்றன. பிறந்தவுடன் பி.சி.ஜி. குத்திய தழும்பு தோளில் இருக்கின்றதே எனச் சோர்ந்திருத்தலும் ஆகாது. அது மூளைச் சவ்வு நோய் போன்ற கொடிய வகைகளைப் பெரிதும் தடுப்பதேயன்றி, நோயே வாராதென உறுதி கூறுவதன்று.

புகையைக் கண்டவன், தீயையும் கண்ட பின்னரே நீர் மொண்டு வருவேன் என்று நிற்பானாயின், அவன் காணப்போவது சாம்பலையே. குழந்தையின் காசநோயிலும் அஃதே முறை.