ரீஸ்டார்ட் செய்யுமுன் அந்த வரியை முழுதும் படியுங்கள்

புதிய வெர்ஷனை டெப்ளாய் செய்த சற்று நேரத்தில் லாகில் கிளாஸ்காஸ்ட் எக்செப்ஷன் விழுகிறது. பல டீம்களில் அடுத்து நடப்பது இரண்டில் ஒன்றுதான்: சர்வரை ரீஸ்டார்ட் செய்வது, அல்லது பிழை எழுந்த கோட் வரியைச் சுற்றி ஒரு டிரை-கேட்ச் போட்டு அதன் வாயை அடைப்பது. முதலாவது தடயத்தை அழிக்கிறது. இரண்டாவது அதைவிட ஆபத்து. ஸ்பிரிங்கில் ரன்டைம் எக்செப்ஷன் டிரான்ஸாக்‌ஷன் எல்லையைத் தாண்டி வெளியே வந்தால்தான் தானாக ரோல்பேக் நடக்கும். கிளாஸ்காஸ்ட் எக்செப்ஷனும் அந்த வகைதான். அதை உள்ளேயே பிடித்து விழுங்கிவிட்டால், கணக்கில் பணம் கழிந்து ரசீது பதியாத அரைகுறை வேலையும் கமிட் ஆகிவிடும். ஸ்கிரீனில் பிழை தெரியாவிட்டால் பிழையே இல்லை என்று முடிவுகட்டுகிறார்கள். மாதக் கடைசியில் கணக்கு இடிக்கும்போது எந்த லாகில் போய்த் தேடுவார்கள்?

தேட வேண்டியது அந்தப் பிழை வரியிலேயே இருக்கிறது. ‘இன்வாய்ஸ் கிளாஸை இன்வாய்ஸ் கிளாஸாகக் காஸ்ட் செய்ய முடியாது’ என்று வரும்போது ஜாவாவே குழம்பிவிட்டதாக நினைக்கிறார்கள். குழப்பம் ஜாவாவில் இல்லை. ஜேவிஎம்முக்கு ஒரு கிளாஸின் அடையாளம் பெயர் மட்டுமல்ல. பெயரும் அதை ஏற்றிய கிளாஸ்லோடரும் சேர்ந்ததே அடையாளம். ஒரே ஜார் டாம்கேட்டின் லிப் ஃபோல்டரிலும், அப்ளிகேஷனின் வெப்-இன்ஃப் லிப்பிலும் கிடந்தால், இரண்டு லோடர்கள் இரண்டு இன்வாய்ஸ்களை ஏற்றும், ஒன்று மற்றொன்றாகாது. ஜாவா 11 முதல் எந்தக் கிளாஸ் எந்த லோடரைச் சேர்ந்தது என்பதைப் பிழைச் செய்தியின் பின்பாதி சொல்லிவிடுகிறது. டிக்கெட்டில் ஒட்டும்போது முதலில் வெட்டி எறியப்படுவதும் அந்தப் பின்பாதிதான்! ஸ்டாக் டிரேஸே இல்லாமல் ஒற்றை வரி மட்டும் வந்தால், அதே பிழை திரும்பத் திரும்ப வந்ததால் ஹாட்ஸ்பாட் டிரேஸை நிறுத்தியிருக்கலாம். பழைய லாகில் முதல் முறை விழுந்த இடத்துக்குப் போங்கள். லாக் சுழன்று அழிந்துபோயிருந்தால், ஓமிட் ஸ்டாக்டிரேஸ் இன் ஃபாஸ்ட்த்ரோ என்ற ஆப்ஷனை அணைத்துவிட்டு ஓட்டுங்கள்.

லோடர்கள் வேறு என்று தெரிந்தால், எக்ஸ்லாக் ஆப்ஷனில் கிளாஸ்-லோட் பதிவைத் திறந்து விடுங்கள். எந்தக் கிளாஸ் எந்த ஜாரிலிருந்து வந்தது என்று பாதையோடு காட்டும். மேவனின் டிபென்டன்சி ட்ரீயைப் பார்த்தால், அந்த ஜாரை உள்ளே இழுத்து வந்தது யார் என்பதும் தெரியும். சர்வர் தருவதை ‘புரொவைடட்’ என்று குறித்து, ஒரு பிரதியை மட்டும் வைத்திருங்கள். வெப்லாஜிக்கிலும் வைல்ட்ஃப்ளையிலும் லோடர் முன்னுரிமையை மாற்ற அமைப்புக் கோப்புகள் உண்டு. ஆனால் இரண்டு பிரதிகளையும் வைத்துக்கொண்டு முன்னுரிமையை மட்டும் மாற்றினால் பிழை வேறொரு இடத்தில் முளைக்கும். ரீடெப்ளாய் செய்த பின் மட்டும் இது வருகிறதென்றால், பொது லைப்ரரியின் ஸ்டாடிக் கேஷில் பழைய லோடரின் ஆப்ஜெக்ட் தங்கியிருக்கிறதா என்று பாருங்கள். ரீஸ்டார்ட்டுக்கு நல்ல பெயர் வாங்கித் தருவது இந்த வகைதான். கேஷ் காலியானதும் பிழை போய்விடும். அடுத்த ரீடெப்ளாயில் திரும்ப வரும்.

டாம்கேட் 9-லிருந்து 10-க்கு மாறுகிறவர்களுக்குத் தனி எச்சரிக்கை. ஜாவாக்ஸ் என்று தொடங்கிய சர்வ்லெட் பேக்கேஜ் அங்கே ஜாக்கர்த்தா ஆகிவிட்டது. உங்கள் சர்வ்லெட்டை ஜாக்கர்த்தா சர்வ்லெட்டாகக் காஸ்ட் செய்ய முடியவில்லை என்று வந்தால், எத்தனை முறை ரீஸ்டார்ட் செய்தாலும் பயனில்லை. 9-லேயே இருங்கள், அல்லது அப்பாச்சியின் மைக்ரேஷன் டூல் கொண்டு முழு அப்ளிகேஷனையும் மாற்றுங்கள். பாதி மாற்றிவிட்டு நிறுத்தாதீர்கள்.

எல்லாவற்றுக்கும் லோடரைக் குறை சொல்லவும் கூடாது. நேட்டிவ் க்வெரியில் எண்ணிக்கை கேட்டால், டேட்டாபேஸையும் ஹைபர்நேட் வெர்ஷனையும் பொறுத்து பிக்இன்டீஜர், பிக்டெசிமல், லாங் என எதுவும் வரலாம். நேரே லாங்குக்குக் காஸ்ட் செய்யாமல், நம்பர் என்று வாங்கி லாங்வேல்யூ கேட்டால் தப்பிக்கலாம். ஜெனரிக்ஸில் ‘அன்செக்ட்’ எச்சரிக்கையை அடக்கி வைத்த இடங்கள் இன்னொரு ஊற்று. தவறான ஆப்ஜெக்ட் ஓரிடத்தில் லிஸ்டில் நுழையும், காஸ்டே எழுதாத வேறொரு வரியில் வெடிக்கும். கலெக்‌ஷன்ஸின் செக்ட்-லிஸ்டில் அந்த லிஸ்டைச் சுற்றி வைத்தால், தவறான ஆப்ஜெக்ட் நுழையும் இடத்திலேயே பிடிபடும்.

“புரொடக்‌ஷன் நின்று கிடக்கிறது, வாடிக்கையாளர் காத்திருக்கிறார், ஆராய்ச்சிக்கு நேரமேது?” என்பார்கள். நியாயமான கேள்வி. ரீஸ்டார்ட் வேண்டாம் என்பதல்ல வாதம். அதற்கு முன் லாகைப் பிரதியெடுங்கள், ஜேசிஎம்டி கொண்டு கிளாஸ்லோடர் பட்டியலையும் எடுத்துக்கொள்ளுங்கள் என்பதே. ஹீப் டம்ப் மட்டும் யோசித்து எடுக்க வேண்டியது: அது ஜேவிஎம்மைச் சற்று நேரம் நிறுத்திவைக்கும், வாடிக்கையாளர் விவரங்களும் அதற்குள் இருக்கும். மின்னஞ்சலில் அனுப்பவே கூடாது. “கோளாறு வெளி நிறுவனத்தின் ஜாரில், எங்கள் கையில் ஒன்றுமில்லை” என்று சொல்கிறவர்களும் டிக்கெட்டை ஒழுங்காக எழுதலாம். வெட்டாத பிழை வரி, முதல் முறை விழுந்த ஸ்டாக் டிரேஸ், ஜாவா வெர்ஷன், சர்வர் வெர்ஷன், இரண்டு லோடர்களின் பெயர், இரண்டு ஜார்களின் முழுப் பாதை, கடைசியாக டெப்ளாய் செய்த நேரம் ஆகிய ஏழும் அதில் இருக்க வேண்டும். இவை இருந்தால், ‘எங்கள் மெஷினில் ஓடுகிறதே’ என்று ஒற்றை வரியில் டிக்கெட்டை மூடுவது அந்த நிறுவனத்துக்கு எளிதாக இருக்காது.