பாதத்துக்கு அடியில் 150 வாட்

டோக்கியோ இம்பீரியல் ஹோட்டலைப் பற்றி எழுத வருகிறவர்கள் அநேகமாக நிலநடுக்கத்தில்தான் தொடங்குவார்கள். 1923 செப்டம்பர் 1, திறப்பு விழாவுக்குக் குறித்திருந்த நாளிலேயே கான்டோ பூகம்பம் ஊரை உலுக்கிப் போட்டது. அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாய்ட் ரைட் வடிவமைத்த அந்த ஹோட்டல் ஓரளவு சேதத்தோடு தப்பி நின்றது. அந்தப் புகழில் அதன் குளியலறைகள் மறந்துபோயின. அவற்றின் டைல்ஸ் தரைக்கு அடியில் ரைட் மின்சாரச் சூடேற்றிகளை வைத்திருந்தார்.

யோசனை கொரியாவிலிருந்து வந்தது. ஜப்பானியத் தொழிலதிபர் ஒகுரா ஒரு குளிர்கால இரவில் விருந்துக்கு அழைத்ததையும், அங்கே விறைத்துப்போய்ச் சாப்பிட்டதையும், பிறகு ‘கொரிய அறை’ ஒன்றுக்குள் போனதும் பருவமே மாறிவிட்டதுபோல் இருந்ததையும் ரைட் தன் சுயசரிதையில் விவரிக்கிறார். கண்ணில் படும்படி கணப்பு எதுவும் அங்கே இல்லை. கொரியர்களின் ‘ஒண்டோல்’ முறையில் அடுப்புப் புகை கல்தரைக்குக் கீழே உள்ள வழிகளில் ஓடி, மறுகோடிப் புகைபோக்கியில் வெளியேறும். ரைட் புகைக்குப் பதில் மின்சாரத்தை எடுத்துக்கொண்டார். கீழ்மாடிக் குளியலறையின் கூரையைச் சற்றுத் தாழ்த்தி, மேல்மாடிக் குளியலறைத் தரைக்கு அடியில் இடம் உண்டாக்கிச் சூடேற்றிகளைப் பொருத்தினார். வெறுங்காலோடு நடக்க இதமாக இருந்தது, சோதனை வெற்றி என்று அவரே எழுதிக்கொண்டார். தன்னடக்கம் ரைட்டின் குணங்களில் ஒன்றல்ல என்றாலும், இந்த விஷயத்தில் நம்பலாம்.

இந்த வித்தைக்குக் குளியலறையைவிடப் பொருத்தமான இடம் இல்லை. குளிர்காலக் காலையில் டைல்ஸும் மரப்பலகையும் ஒரே 20 டிகிரியில்தான் இருக்கும். ஆனாலும் டைல்ஸ் மட்டும் சுரீரென்கிறது. நம் தோல் அளப்பது தரையின் வெப்பநிலையை அன்று. கால் வைத்த கணத்தில் தோலும் தரையும் தமக்குள் சமரசம் செய்துகொள்ளும் வெப்பநிலையை. 32 டிகிரியில் இருக்கும் பாதம் டைல்ஸில் பட்டால் அந்தச் சமரசம் ஏறக்குறைய 25 டிகிரியில் முடியும். மரத்தில் 29-க்குப் பக்கத்தில் நிற்கும். டைல்ஸ் அடர்த்தியானது, வெப்பத்தை வேகமாகக் கடத்துவது. பாதத்தின் சூட்டை வாங்கி உள்ளே அனுப்பிவிட்டு மேலும் கேட்கும். சூட்டை அடியிலிருந்து கொடுத்தால் இதே குணம் நமக்குச் சாதகமாகிவிடுகிறது. கம்பளமோ மரமோ வெப்பத்தை அடியிலேயே தடுக்கும். டைல்ஸ் தடையில்லாமல் மேலே விட்டுவிடும்.

இன்று ரைட்டைப் போல் கூரையை இறக்க வேண்டியதில்லை. மூன்று, நான்கு மில்லிமீட்டர் தடிமனுள்ள வயரை வலையில் வளைத்து வளைத்துத் தைத்த பாய்கள் கிடைக்கின்றன. குளியலறைக்குப் பெரும்பாலும் சதுர மீட்டருக்கு 150 வாட். டைல்ஸ் ஒட்டும் பசைக்குள்ளேயே பாய் புதைந்துவிடும். மூலை திரும்ப வலையை வெட்டலாம்; வயரை வெட்டவே கூடாது. மிச்சமிருக்கிறதே என்று பாதியாக வெட்டினால் மின்தடை பாதியாகும், மின்னோட்டம் இரட்டிப்பாகும், அந்த இரட்டிப்புச் சக்தி பாதி நீளத்துக்குள் அடங்க வேண்டும். அதாவது, ஒவ்வொரு மீட்டரும் முன்பைப்போல் நான்கு மடங்கு சூட்டைக் கக்கும். வயரின் உறை அதற்குத் தாங்காது.

ஈரமான அறையில் மின்சாரமா என்று பதறுவது நியாயம். சூடேறும் கம்பிக்கு மேல் காப்புறை, அதற்கு மேல் எர்த் செய்யப்பட்ட உலோகக் கவசம், அதற்கும் மேல் வெளியுறை. இதோடு 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்பு சுவிட்சும் கட்டாயம் வேண்டும். இணைப்பு கொடுப்பது எலக்ட்ரீஷியன் வேலை. கொத்தனார் கையில் விடக்கூடாது.

வாங்குகிறவர்கள் வயரின் வாட் எண்ணையே பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது அதற்கும் அடியில். பத்து சென்டிமீட்டர் கான்கிரீட் தளம் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 240 கிலோ. அதைப் பத்து டிகிரி சூடாக்க 150 வாட்டுக்கு ஏறத்தாழ நான்கு மணி நேரம் ஆகும். டைல்ஸும் பசையும் சேர்ந்து முப்பது கிலோ வரும். அதற்கு அரை மணி போதும். இடையில் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு வெப்பம் கடத்தாத நுரைப்பலகையை விரித்தால் சூடு பெரும்பாலும் மேலேதான் போகும். அந்தப் பலகைக்குக் காசு மிச்சம் பிடிப்பவர் பூமியைச் சூடாக்கிக்கொண்டிருப்பார்.

இதமான தரை கிடைத்துவிட்டால் அறையும் இதமாகிவிடும் என்று நம்பிவிடக் கூடாது. 29 டிகிரித் தரை, 20 டிகிரி அறைக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 100 வாட் கொடுக்கும். குளியல் தொட்டி, கழிப்பறைப் பீங்கான் ஆகியவற்றுக்கு அடியில் வயர் போடக்கூடாது என்பதால், சின்னக் குளியலறையில் மிஞ்சுவது இரண்டு மூன்று சதுர மீட்டர்தான். வெளிச்சுவரும் பழைய ஜன்னலும் உள்ள ஒரு பிரிட்டிஷ் வீட்டில் அந்த முந்நூறு வாட் எந்த மூலைக்கு? தரையை இன்னும் சூடாக்கவும் வழியில்லை. ஐரோப்பியத் தரவிதி குளியலறைத் தரைக்கு 33 டிகிரியை உச்சமாக வைத்திருக்கிறது. அங்கே துண்டு காயவைக்கும் கணப்பும் கூடவே தேவைப்படும்.

நார்வேயில் குளியலறைத் தரைக்குள் சூடேற்றும் வயர் சர்வசாதாரணம். அருவிகளும் ஆறுகளும் தரும் மின்சாரம் அங்கே தாராளம். மற்ற நாட்டுக்காரர்கள் கணக்குப் பார்த்துக்கொள்வது நல்லது. மூன்று சதுர மீட்டர் தரை இரண்டு மணி நேரம் முழு வேகத்தில் ஓடினால் 0.9 யூனிட். காலையில் மட்டும் என்றால் பெரிய செலவில்லை. வீடு முழுக்க இதே வயர் என்றால் எனக்கு உடன்பாடில்லை: வயர் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஒரு யூனிட் சூடுதான் தரும், வெப்ப பம்ப் மூன்று யூனிட் வரை தரக்கூடியது.

வயர் பழுதாவது பெரும்பாலும் முதல் நாளிலேயே, கரணையின் விளிம்பு பட்டுத்தான். அதனால் பாயைப் பிரித்ததும் ஒருமுறை, விரித்ததும் ஒருமுறை, டைல்ஸ் ஒட்டியதும் ஒருமுறை மீட்டர் வைத்து மின்தடையை அளந்து குறித்துக்கொள்வார்கள். பசை நன்றாக இறுகும்வரை சுவிட்சைத் தொடக்கூடாது. பின்னாளில் அறுந்தால், வயருக்குள் மின்துடிப்பு ஒன்றை அனுப்பி, அது எதிரொலித்துத் திரும்பும் நேரத்தைக் கொண்டு எத்தனையாவது மீட்டரில் பழுது என்று கண்டுபிடிக்கும் கருவி இருக்கிறது. தரை முழுவதையும் பெயர்க்காமல் ஒன்றிரண்டு டைல்ஸோடு வேலை முடியும். மூடுவதற்கு முன் வயர் ஓடும் பாதையைப் படம் எடுத்து, அதே ரக டைல்ஸில் நாலைந்தைப் பரணில் போட்டு வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.