டீசல் வாகனங்களுக்கான எஞ்சின் ஒயில்: அறிந்து தெரிவு செய்வோம்

வாகன இறக்குமதிக்கு 2020 மார்ச் மாதம் விதிக்கப்பட்ட தடை, தனியார் வாகனங்களைப் பொறுத்தவரையில் 2025 பெப்ரவரி மாதத்திலேயே நீக்கப்பட்டது. இடைப்பட்ட ஏறத்தாழ ஐந்து ஆண்டு காலமும் இந்நாட்டு மக்கள் தம் கைவசமிருந்த வாகனங்களைத் திருத்தித் திருத்தியே ஓட்ட வேண்டியிருந்தது. இறக்குமதி மீண்டும் ஆரம்பமான பின்னரும், வரிச்சுமை காரணமாகப் புதிய வாகனமொன்று சாதாரண குடும்பங்களுக்கு எட்டாக்கனியாகவே இருந்து வருகின்றது. பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் வான், தம்புள்ளையிலிருந்து மரக்கறி கொண்டுவரும் சிறு லொறி, தொண்ணூறுகளில் இறக்குமதியான டீசல் கார் என்பன இன்றும் எத்தனையோ குடும்பங்களின் ஜீவனோபாயமாக உள்ளன. இவற்றில் ஒன்றின் எஞ்சின் பழுதடைந்தால் அந்த வீட்டின் வருமானமே நின்றுவிடுகின்றது.

அத்தகைய எஞ்சினின் ஆயுளைத் தீர்மானிப்பதில் முதலிடம் வகிப்பது அதில் ஊற்றப்படும் ஒயிலாகும். ஆயினும் எந்த ஒயிலை ஊற்றுவது என்ற தீர்மானத்தை எம்மிற் பெரும்பாலானோர் சேவை நிலையத்தில் நிற்பவரிடமே விட்டுவிடுகின்றோம். அவர் தம்மிடமுள்ள பீப்பாயில் இருப்பதை ஊற்றுகின்றார். நாம் பணத்தைச் செலுத்திவிட்டு வருகின்றோம். இப்பழக்கம் மாற வேண்டுமாயின், ஒயில் கலனின் முகப்பில் எழுதப்பட்டிருப்பவற்றை வாசித்து விளங்கிக்கொள்ளும் ஆற்றல் பாவனையாளருக்கு இருத்தல் வேண்டும். இதற்குப் பொறியியல் பட்டம் எதுவும் அவசியமில்லை.

முதலில், டீசல் எஞ்சினுக்கெனத் தனியான ஒயில் எதற்கு என்ற கேள்வியை நோக்குவோம். ஜேர்மனியரான ருடோல்ப் டீசல் 1897 ஆம் ஆண்டில் வெற்றிகரமாக இயக்கிக் காட்டிய எஞ்சினின் அடிப்படை இன்றும் மாறவில்லை. பெற்றோல் எஞ்சினில் எரிபொருளைப் பற்றவைப்பதற்குத் தீப்பொறி உண்டு. டீசல் எஞ்சினிலோ காற்றானது மிகக் கடுமையாக அழுத்தப்பட்டு, அதனால் உண்டாகும் வெப்பத்திலேயே டீசல் தீப்பற்றுகின்றது. இவ்வாறு எரிகையில் கரித்தூள் உண்டாகின்றது. அதன் ஒரு பகுதி பிஸ்டன் வளையங்களைக் கடந்து ஒயிலுடன் கலக்கின்றது. டீசலிலுள்ள கந்தகமும் எரிந்து, நீராவியுடன் சேர்ந்து அமிலமாக மாறுகின்றது. எனவே டீசல் எஞ்சின் ஒயிலுக்கு மூன்று கடமைகள் உள்ளன. உராய்வைத் தடுத்தல் வேண்டும். கரித்தூள் திரண்டு சேறாகாமல் அதனைத் தன்னுள் மிதக்கவிடல் வேண்டும். அமிலத்தை நடுநிலையாக்கல் வேண்டும். பெற்றோல் எஞ்சினுக்கென மாத்திரம் தயாரிக்கப்பட்ட ஒயில் பின்னிரண்டு கடமைகளையும் போதியளவில் நிறைவேற்றுவதில்லை.

ஒயில் கலனில் பெரிய எழுத்தில் காணப்படும் 15டபிள்யூ-40, 10டபிள்யூ-30, 5டபிள்யூ-30 போன்ற எண்கள் ஒயிலின் பிசுக்குமையைக் குறிப்பன. அவை ஒயிலின் தரத்தைக் காட்டுவதாகப் பலர் எண்ணிக்கொள்வது தவறாகும். ‘டபிள்யூ’ என்ற எழுத்து குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்தாகும். அதற்கு முன்னுள்ள எண், கடுங்குளிரில் எஞ்சினை இயக்கும்போது ஒயில் எவ்வளவு இலகுவாக இளகிக் கொடுக்கும் என்பதைக் கூறுகின்றது. 15டபிள்யூ ஒயில் உறைநிலைக்குக் கீழ் 20 பாகை செல்சியசிலும், 5டபிள்யூ ஒயில் உறைநிலைக்குக் கீழ் 30 பாகையிலும் சோதிக்கப்படுகின்றன. நுவரெலியாவில் தை மாதத்து விடியற்காலையில் உறைபனி கண்டாலும், இலங்கையில் எந்தவோர் இடத்திலும் அத்தகைய குளிர் கிடையாது. ஆகவே முன்னெண் குறைவாக இருப்பதால் மாத்திரம் எமக்குப் பெரும் நன்மை எதுவும் விளைவதில்லை.

பின்னாலுள்ள 30 அல்லது 40 என்பதே எமக்கு முக்கியமானது. எஞ்சின் சூடேறிய நிலையில், அதாவது 100 பாகை செல்சியசில், ஒயில் எவ்வளவு தடிப்பாக இருக்கும் என்பதை அது கூறுகின்றது. ‘தடித்த ஒயில்தான் எஞ்சினுக்கு நல்லது’ என்ற நம்பிக்கை எம்மவரிடையே வேரூன்றியுள்ளது. எஞ்சினின் உட்பாகங்களுக்கிடையிலான இடைவெளியையும், ஒயில் பம்பின் வலுவையும் கணித்தே தயாரிப்பாளர் இந்த எண்ணைத் தீர்மானிக்கின்றார். 30 எனக் குறிக்கப்பட்ட எஞ்சினுக்கு 50 ஐ ஊற்றினால் எரிபொருள் கூடுதலாகச் செலவாகும். நுண்ணிய துளைகளுக்கு ஒயில் சென்றடைவதும் தாமதமாகும். நிமிடத்துக்கு ஓர் இலட்சம் சுற்றுகளுக்கு மேல் சுழலக்கூடிய டேர்போ பொருத்தப்பட்ட எஞ்சினுக்கு இத்தாமதம் ஆபத்தானது. தேய்ந்துபோன பழைய எஞ்சின் ஒயிலைக் குடிக்கும்போது, கைநூல் அனுமதிக்கும் வரம்புக்குள் சற்றுத் தடித்த ஒயிலுக்கு மாறுவதில் நியாயமுண்டு. ஆனால் தேய்வை அது குணப்படுத்தும் என எதிர்பார்க்கலாகாது.

இரண்டாவதாக வாசிக்க வேண்டியது தரக் குறியீடாகும். சிறிய எழுத்தில் இருப்பதனால் இதனைப் பலரும் கவனிப்பதில்லை. அமெரிக்கப் பெற்றோலிய நிறுவகத்தின் ‘ஏ.பி.ஐ.’ குறியீட்டில் ‘எஸ்’ எனத் தொடங்குபவை பெற்றோலுக்கும், ‘சீ’ எனத் தொடங்குபவை டீசலுக்கும் உரியவை. டீசல் வரிசையில் 2002 இல் சீ.ஐ.-4, 2006 இல் சீ.ஜே.-4, 2016 இல் சீ.கே.-4 என ஒன்றன்பின் ஒன்றாகத் தரங்கள் அறிமுகமாயின. 1990 களில் வந்த சீ.எப்., சீ.எப்.-4 ஆகியன வழக்கொழிந்தவை என அந்நிறுவகமே வகைப்படுத்தியுள்ளது. கலனில் இவ்விரண்டு மாத்திரம் பொறிக்கப்பட்டிருப்பின், அவ்வொயில் அண்மைக்கால டீசல் எஞ்சினுக்குப் பொருத்தமற்றது. ஜப்பானிய வாகனங்களுக்கு ‘ஜாசோ’ என்ற தரமும், ஐரோப்பிய வாகனங்களுக்கு ‘ஏ.சீ.ஈ.ஏ.’ என்ற தரமும் உண்டு. கைநூலில் இவற்றுள் எது கேட்கப்பட்டுள்ளதோ அதுவே கலனிலும் இருத்தல் வேண்டும்.

இவ்விடத்திலேதான் இலங்கைக்குரிய விசேட பிரச்சினையொன்று எழுகின்றது. புதிய தரமே சிறந்தது என்ற பொதுவான எண்ணம் இங்கு அப்படியே பொருந்துவதில்லை. சீ.ஐ.-4 தரமானது 0.5 வீதம் வரை, அதாவது பத்து இலட்சத்தில் 5000 பங்கு வரை கந்தகம் கொண்ட டீசலை மனதிற்கொண்டு வகுக்கப்பட்டது. சீ.கே.-4 தரத்துக்கான வரம்பு பத்து இலட்சத்தில் 500 பங்காகும். அதிலும் 15 பங்குக்கு மேற்பட்ட கந்தகமுள்ள டீசலைப் பாவித்தால், புகைச் சுத்திகரிப்புச் சாதனத்தின் ஆயுளோ ஒயில் மாற்றும் இடைவெளியோ குறையக்கூடும் எனத் தரத்தை வகுத்தவர்களே எச்சரித்துள்ளனர். எமது எரிபொருள் நிலையங்களில் 2018 ஆம் ஆண்டிலிருந்து யூரோ 4 தரத்திலான சுப்பர் டீசல் விற்கப்படுகின்றது. யூரோ 4 இன்படி கந்தக வரம்பு பத்து இலட்சத்தில் 50 பங்காகும். பெரும்பாலானோர் நிரப்பும் சாதாரண ஒட்டோ டீசலில் கந்தகம் இதனைவிடப் பன்மடங்கு அதிகமாகும்.

ஜப்பானிலோ டீசலின் கந்தக வரம்பு பத்து இலட்சத்தில் வெறும் 10 பங்கு மாத்திரமே. அங்கிருந்து வந்த வானின் கைநூல் அந்நாட்டு டீசலை வைத்தே எழுதப்பட்டது. கந்தகம் கூடிய டீசலில் அதே வான் ஓடும்போது ஒயிலிலுள்ள அமில எதிர்ப்புச் சக்தி விரைவாகக் கரைந்துவிடுகின்றது. ஒயில் பார்வைக்கு நன்றாக இருக்கும். ஆனால் அமிலம் உலோகத்தை அரிக்கத் தொடங்கியிருக்கும். எனவே கைநூல் கூறும் தரத்தைப் பின்பற்றும் நாம், அது கூறும் கிலோமீற்றர் கணக்கை அப்படியே ஏற்றுக்கொள்ளலாகாது.

துகள் வடிகட்டி பொருத்தப்பட்ட வாகனங்களைப் பொறுத்தவரையில் பிரச்சினை மேலும் சிக்கலாகின்றது. புகைக்குழாயில் உள்ள இச்சாதனம் கரித்தூளைப் பிடித்து வைத்துப் பின்னர் எரித்துவிடும். ஒயிலிலிருந்து வரும் உலோகச் சாம்பலை மாத்திரம் அதனால் எரிக்க முடியாது. அச்சாம்பல் சிறிது சிறிதாகச் சேர்ந்து வடிகட்டியை அடைத்துவிடும். இதனைத் தவிர்க்கவே சாம்பல் குறைந்த ஒயில்கள் உருவாக்கப்பட்டன. ஜாசோ டீ.எல்.-1 தரத்தில் சாம்பல் 0.6 வீதத்தையும், ஐரோப்பிய சீ3 தரத்தில் 0.8 வீதத்தையும் தாண்டலாகாது. ஆயினும் சாம்பலைத் தரும் அதே சேர்மானப் பொருட்களே அமிலத்தையும் எதிர்ப்பவை. ஆதலால் சாம்பல் குறைந்த ஒயிலில் அமில எதிர்ப்பும் பொதுவாகக் குறைவாகவே இருக்கும்.

இதிலிருந்து பெறப்படும் முடிவு தெளிவானது. துகள் வடிகட்டி இல்லாத பழைய வான், லொறி, கார் ஆகியவற்றை ஒட்டோ டீசலில் ஓட்டுவோர், அமில எதிர்ப்புக் கூடிய சீ.ஐ.-4 தர ஒயிலை, கைநூல் அனுமதிக்குமிடத்து 15டபிள்யூ-40 பிசுக்குமையில் பாவிக்கலாம். வடிகட்டி உள்ள வாகனத்துக்குச் சாம்பல் குறைந்த ஒயிலும் சுப்பர் டீசலும் சேர்ந்தே தேவை. இரண்டில் ஒன்றை மாத்திரம் கடைப்பிடிப்பதால் பயனில்லை. சுப்பர் டீசலுக்கான மேலதிகச் செலவு சுமையானதே. எனினும் அடைபட்ட வடிகட்டியை மாற்றுவதற்கு ஆகும் செலவோடு அதனை ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். பாவித்த வாகனமொன்றைக் கொள்வனவு செய்ய எண்ணுவோர், அதில் துகள் வடிகட்டி உண்டா என்பதை முன்கூட்டியே கேட்டறிந்துகொள்வது நன்று.

ஒயில் மாற்றும் இடைவெளி குறித்தும் சில வார்த்தைகள் கூறியாக வேண்டும். குறுகிய தூரப் பயணம், பாரமேற்றல், புழுதி வீதி, வாகன நெரிசலில் ஊர்ந்து செல்லல் என்பன கடும் பாவனையாகக் கணிக்கப்படுகின்றன. அதற்குச் சாதாரண இடைவெளியின் அரைவாசியே பொதுவாக விதிக்கப்படுகின்றது. காலை வேளையில் காலி வீதியில் நிற்கும் வாகனத்துக்கும், மலையகத்தின் வளைவுகளில் பாரத்துடன் ஏறும் வாகனத்துக்கும் இது பொருந்தும். நெரிசலில் நிற்கும்போது மீற்றரில் கிலோமீற்றர் ஏறுவதில்லை, எஞ்சினோ ஓடிக்கொண்டேயிருக்கின்றது. 10,000 கிலோமீற்றர் எனக் குறிக்கப்பட்டிருந்தால் இங்கு 5000 என்பதே பாதுகாப்பானது. ஓட்டம் குறைவாயினும் கைநூல் குறிப்பிடும் மாதக் கணக்கைத் தாண்டலாகாது. ஒவ்வொரு தடவையும் ஒயில் பில்டரையும் மாற்றுதல் அவசியம்.

மாற்றிய சில நாட்களிலேயே ஒயில் கறுத்துவிட்டதெனக் கவலைப்படுவோரும் உளர். டீசல் எஞ்சினில் இது இயல்பானது. கரித்தூளை ஒயில் தன்னுள் ஏந்தி வைத்திருக்கின்றது என்பதே அதன் பொருளாகும். ஆனால் அளவுகோலில் ஒயிலின் மட்டம் ஏறிக்கொண்டே போனால் உடனடியாகக் கவனித்தல் வேண்டும். வடிகட்டியை எரித்துச் சுத்தமாக்குவதற்காகச் செலுத்தப்படும் டீசல் ஒயிலுடன் கலந்து அதனை நீர்த்துப்போகச் செய்யும் சந்தர்ப்பங்கள் உண்டு. ஒயில் பால்நிறமாக மாறினால் தண்ணீர் கலந்துள்ளது எனக் கொள்ளலாம்.

சரியான ஒயிலைத் தெரிவு செய்த பின்னரும் போலி என்ற ஆபத்து எஞ்சியுள்ளது. ஒரு காலத்தில் அரச கூட்டுத்தாபனத்தின் வசமிருந்த உராய்வு நீக்கி எண்ணெய் வர்த்தகம், தொண்ணூறுகளின் தனியார்மயமாக்கலுக்குப் பின்னர் படிப்படியாகப் பல நிறுவனங்களுக்குத் திறந்துவிடப்பட்டது. தெரிவு பெருகியதோடு, பழைய கலன்களில் கழிவு ஒயிலை அடைத்து விற்கும் மோசடியும் தலைதூக்கியது. முத்திரை உடைந்த கலனை வாங்காதிருத்தல், பற்றுச்சீட்டைக் கேட்டுப் பெறுதல், தம் கண்முன்னே கலனைத் திறக்கச் செய்தல், வெறுங்கலனைச் சிதைத்து எறிதல் என்பன பாவனையாளர் செய்யக்கூடியவை. இத்துறையை மேற்பார்வை செய்யும் இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவும், பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையும் கிராமப்புறக் கடைகள் வரை தம் சோதனைகளை விரிவுபடுத்த வேண்டும்.

மாற்றியெடுத்த பழைய ஒயிலை எங்கே கொட்டுகின்றோம் என்பதும் பாரதூரமான விடயமாகும். சுன்னாகத்தில் கிணற்று நீரில் எண்ணெய் கலந்ததால் மக்கள் பட்ட அவதியையும், அது தொடர்பில் மின் உற்பத்தி நிறுவனமொன்று நட்டஈடு செலுத்த வேண்டுமென 2019 இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்ததையும் யாழ்ப்பாணம் மறந்துவிடவில்லை. சுண்ணாம்புக்கல்லின் ஊடாக நிலத்தடி நீர் ஓடும் அந்த மண்ணில், ஒவ்வொரு கராஜின் பின்புறத்திலும் கொட்டப்படும் ஒயில் இறுதியில் எமது குடிநீரையே சென்றடையும். சேகரிப்பு நிலையங்களை ஏற்படுத்துவது உள்ளூராட்சி மன்றங்களின் கடமையாகும்.

ஒயில் கலன்களின் முகப்பில் உள்ள விபரங்கள் தமிழிலும் சிங்களத்திலும் தெளிவாக அச்சிடப்படுவது கட்டாயமாக்கப்பட வேண்டும். ஒட்டோ டீசலின் கந்தக அளவு எரிபொருள் நிலையங்களில் காட்சிப்படுத்தப்பட வேண்டும். கந்தகத்தைக் குறைப்பதற்கான கால அட்டவணையை அரசாங்கம் பகிரங்கமாக அறிவிக்க வேண்டும். பாவனையாளர்கள் தம் பங்குக்கு, அடுத்த முறை சேவை நிலையத்துக்குச் செல்லும்போது கைநூலையும் உடன் எடுத்துச் செல்வார்களாக. ஊற்றப்படும் ஒயிலின் தரக் குறியீடு என்னவென்று கேட்பதற்கு எவரும் தயங்க வேண்டியதில்லை.